முதல் பிடி

திருச்செந்தூர்ப் பக்கம் பஸ்ஸில் வரும்போது மெஞ்ஞானபுரத்துத் தேவாலயக் கோபுரம் கண்ணில் பட்டதும் நம்ம ஊர்க்காரர்கள் பேச்சை நிறுத்துவார்கள். நீங்களும் நிறுத்தியிருப்பீர்கள். 192 அடி உயரம் என்று சின்ன வயதில் மனப்பாடம் செய்த கணக்கு இன்னும் மறக்கவில்லை. செக்கச்செவேல் என்ற தேரி மணல், அதன் மேல் பனங்கொண்டைகள், அதற்கும் மேலே அந்த ஊசி முனை. எங்கள் ஊர் அங்கிருந்து நடை தூரம். ஆச்சி வீட்டுத் திண்ணையில் ஏறி நின்றால் வெயில் சாயும் நேரத்தில் கோபுரம் கறுத்துத் தெரியும். "அந்தா தெரியுது பாரு" என்று ஆச்சி தினமும் காட்டுவாள். நேற்றுத்தான் முளைத்தது மாதிரி நாங்களும் தினமும் பார்ப்போம்.

எனக்கு ஊர் என்றால் முதலில் வருவது ஒரு சின்னச் சத்தம். சுளகில் அரிசி புடைத்து, கல் பொறுக்கி, களைந்து, உலை கொதித்ததும் போடப்போகும் அந்த நேரத்தில் ஆச்சி நின்றுவிடுவாள். களையாத அரிசியில் ஒரு பிடி தனியே எடுத்து வைத்திருப்பாள். அடுப்பங்கரை மாடத்தில் வாய் உடைந்த மண் கலயம் ஒன்று இருந்தது. அதில் அந்தப் பிடி விழும். கலயம் காலியாக இருந்தால் கலகலவென்று, நிறைந்திருந்தால் பொத்தென்று. கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தாலும் இன்றைக்கு என்ன கிழமை என்று அந்தச் சத்தத்தை வைத்துச் சொல்லிவிடுவேன். திங்கட்கிழமை கலகல. வெள்ளிக்கிழமை பொத்து.

பிடியரிசி என்று பெயர், கோயிலுக்கென்று எடுத்து வைப்பது. கஞ்சிக்கே அரிசி காணாத வருஷம் ஒன்று வந்தது. மழை இல்லை, கிணற்றில் உப்பு ஏறிவிட்டது. அம்மா அன்றைக்குப் பொறுக்க மாட்டாமல் சொன்னாள்: "பிள்ளைகளுக்கே காணாது அத்தை, இந்த மாசம் ஒரு மாசம் விட்டா என்ன?" ஆச்சி சண்டைக்கு வரவில்லை. "அது நம்ம அரிசி இல்ல தாயி. உலையில விழுந்ததுதான் நமக்குள்ளது" என்று சொல்லிவிட்டு, பிடியைக் கொஞ்சம் சின்னதாக்கிக் கலயத்தில் போட்டாள். அந்த வருஷம் முழுக்க பிடி சின்னதாகவே இருந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் நானும் சித்தி மகளும் ஓலைக் கடகத்தைத் தலையில் வைத்துக்கொண்டு தெருத் தெருவாகப் போவோம். "பிடியரிசி!" என்று ஒரு சத்தம் கொடுத்தால் போதும். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கை நீளும். புழுங்கல், பச்சை, ரேஷன் அரிசி, எங்கேயோ ஒரு வீட்டில் சிவப்பரிசி, எல்லாம் அந்த ஒரு கடகத்தில் விழும். போதகர் வீட்டு ஐயரம்மா அளந்து, இல்லாத வீடுகளுக்குக் குறைந்த விலைக்குக் கொடுப்பார்கள். அந்த அரிசியைப் பொங்கினால் ஒன்று குழையும், ஒன்று நறுக்கென்று நிற்கும். ஊரே ஒரு சோற்றில் இருக்கும். காசு மிஷனுக்குப் போகும்.

"நம்ம அரிசி தெலுங்கு நாட்டுக்குப் போவுது" என்பாள் ஆச்சி. நாங்கள் கூட்ஸ் வண்டியில் அரிசி போவதாக நினைத்துக்கொண்டிருந்தோம். பக்கத்து வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்த அசரியா ஐயாவை அவள் சொந்தத்தில் ஒருவரைப் போலவே பேசுவாள். 1903இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் ஆரம்பித்தபோது நம் ஆட்கள், நம் காசு, நம் நிர்வாகம் என்று உறுதியெடுத்தவர்களில் அவர் முக்கியமானவர். தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல்லுக்குப் போய், 1912இல் கல்கத்தாவில் அபிஷேகம் பெற்று, ஆங்கிலிக்கன் சபையில் பிஷப்பான முதல் இந்தியர். கிறிஸ்தவன் கொடுக்க வேண்டியதைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். அங்கே அவருடைய சபைகளில் நிலமில்லாத கூலிக்காரப் பெண்களும் உலை வைக்குமுன் ஒரு பிடி எடுத்து வைத்தார்கள் என்று பெரியவளான பிறகு படித்தேன். படித்த அன்றைக்கு ஆச்சி இல்லை. இருந்திருந்தால் ஓடிப்போய்ச் சொல்லியிருப்பேன்.

தாத்தாவின் கதை வேறே. அவருக்கு நாற்பது பனை. பங்குனியில் இருந்து ஆடி வரைக்கும் மனுஷன் மரத்தில்தான். இடுப்பில் அரிவாள் பெட்டி, தோளில் முருக்குத்தடி, நெஞ்சில் மரம் உரசி உரசிக் காய்த்துப்போன தோல். நாங்கள் அந்தக் காய்ப்பைத் தொட்டுப் பார்ப்போம். பனை மட்டையைத் தொடுவது மாதிரி இருக்கும். பனையேறிக்கு இருக்கிற சங்கடம் உங்களுக்குத் தெரியும். பாளையைத் தினமும் சீவ வேண்டும். ஒரு நாள் விட்டால் காய்ந்துவிடும். "பாளைக்கு ஞாயித்துக்கிழமை தெரியுமால?" என்பார் தாத்தா. அந்தக் காலத்து வெள்ளைக்கார ஐயர்மார் இதைச் சொல்லி மிகவும் வருத்தப்பட்டார்களாம். தாத்தாவுக்கும் அது நெஞ்சில் முள்ளாகத்தான் இருந்தது. ஓய்வுநாளில் ஏறாமல் இருக்க முடியாது. ஏறிவிட்டு அந்தக் காசில் சாப்பிடவும் மனசு வரவில்லை.

கடைசியில் அவராகவே ஒரு வழி கண்டுபிடித்தார். ஞாயிற்றுக்கிழமை இறக்குகிற பதநீர், எங்கள் பேச்சில் பயினி, முழுக்கக் கோயிலுக்கு. ஒரு மரத்துப் பயினி இல்லை, நாற்பது மரத்துப் பயினியும். இருட்டோடு ஏறி, முதல் மணி அடிக்குமுன் இறக்கிவிடுவார். ஆராதனை முடிந்து வந்ததும் ஆச்சி விடிலிக் குடிசையில் அதைத் தனியாகக் காய்ச்சுவாள். விடிலியின் வாசம் உங்கள் மூக்கிலும் இன்னும் இருக்கிறதா? காய்ந்த பன்னாடையும் சில்லாட்டையும் எரியும் புகை, சுண்ணாம்பு நெடி, பயினி சுண்டிச் சுண்டி நிறம் மாறி குமிழ் விடும்போது வருகிற அந்தக் கனத்த இனிப்பு வாசம். சிரட்டைகளில் ஊற்றி ஆறவைத்த கருப்பட்டியைக் கொட்டானில் அடுக்கி, சிவப்பு நூல் கட்டி உத்தரத்தில் தொங்கவிடுவாள். சிவப்பு நூல் என்றால் யாரும் கை வைக்கக் கூடாது. பானை சுரண்டல் மட்டும் எங்களுக்கு உண்டு. அதற்கும் அடுத்த வாரம் ஆளுக்கு அஞ்சு பைசா காணிக்கைப் பெட்டியில் போட வேண்டும். சுரண்டலும் கோயிலுக்குள்ளதுதானே என்பது அவள் கணக்கு.

தாலந்து என்ற சொல் வேதத்தில் பணக் கணக்கு. எங்கள் ஊர்ப் பேச்சில் அது கைவேலை. "அவனுக்குப் பாட்டுத் தாலந்து உண்டு", "அவளுக்கு முடையுத தாலந்து" என்பார்கள். உடனே அடுத்த கேள்வி வரும்: "அதை வச்சு கோயிலுக்கு என்ன செய்யுதா?" குருத்தோலை ஞாயிறு வந்தால் பனையேறிகள் ஆளுக்கொரு மரத்தில் குருத்து வெட்டிக் கொடுப்பார்கள். மரத்துக்கு அது நோவுதான்; ஆனாலும் நல்ல மரமாகப் பார்த்துத்தான் வெட்டுவார்கள். முந்தின நாள் ராத்திரி பெரியம்மாக்கள் கூடி உட்கார்ந்து முடைந்த சிலுவைகள் மஞ்சளும் வெள்ளையுமாகக் குவிந்து கிடக்கும். பச்சைக் குருத்தின் வாசம் விரலில் ரெண்டு நாள் நிற்கும்.

அந்தப் பெரியம்மாக்களில் ஒருத்தி செத்த வீட்டுக்கு முதலில் போகிறவள். குளிப்பாட்டி, துணி மாற்றி, தாடை கட்டுவது அவள்தான். பயம் கிடையாது, அருவருப்பு கிடையாது. எவ்வளவு கெட்ட சாவாக இருந்தாலும் முகத்தை ஒரு ஒழுங்குக்குக் கொண்டுவந்துவிடுவாள். ஒரு காப்பி கூடக் குடிக்காமல் திரும்பிப் போவாள். பிரசங்கங்கள் எத்தனையோ கேட்டிருக்கிறேன். ஊழியம் என்று காதில் விழுந்தால் எனக்கு அவள் கைதான் ஞாபகத்துக்கு வருகிறது.

அப்புறம் டெய்லர் மாமா. கோயிலில் பெடல் ஆர்கன் வாசிப்பது அவர். டிசம்பர் மாதம் டெய்லருக்கு எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஊரில் எல்லாருக்கும் கிறிஸ்மஸ் துணி வேண்டும். ஆனால் சாயங்காலம் ஏழு மணி ஆனால் கடையைப் பாதி சாத்திவிட்டு பாட்டுப் பயிற்சிக்கு வந்துவிடுவார். வெட்டின துணி அப்படியே கிடக்கும். ஒன்பது மணிக்குத் திரும்பி, பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் விடிய விடியத் தைப்பார். பாடகர் குழுவின் வெள்ளை அங்கிகளும் அவர் தையல்தான், கூலி கிடையாது. தையல் மெஷினை மிதிக்கிற அதே கால்தான் ஆர்கனையும் மிதிக்கும். கீர்த்தனையின் நடுவே சில சமயம் மிதி தையல் வேகத்துக்குப் போய்விடும், பாட்டு ஓடும், நாங்களும் மூச்சு வாங்கிக்கொண்டே பின்னால் ஓடுவோம்.

எனக்கும் ஒரு தாலந்து கிடைத்தது. ஈஸ்டர் கழிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஓய்வுநாள் பள்ளி டீச்சர் எங்களுக்கெல்லாம் ஆளுக்கு நாலணா கொடுத்தார். அறுப்பின் பண்டிகைக்குள் அதைப் பெருக்கிக் கொண்டுவர வேண்டும். ஒருத்தி நிலக்கடலை வாங்கி வறுத்து விற்றாள். ஒரு பையன் கீரை விதை வாங்கினான். நான் ஒரு முட்டை வாங்கி பக்கத்து வீட்டு அத்தையின் அடைக்கோழிக்குக் கீழே வைத்தேன். குஞ்சு பொரித்தது. அதற்கு மட்டும் காலில் சிவப்பு நூல் கட்டினேன். என் கைப்பிடி அளவுக்கு வளர்ந்திருந்தபோது ஒரு மத்தியானம் பருந்து தூக்கிப்போய்விட்டது. சிவப்பு நூல் வானத்தில் தொங்கிக்கொண்டு போவதை நான் பார்த்தேன்.

அழுத அழுகைக்கு அளவே இல்லை. ஆச்சி முந்தானையால் மூக்கைத் துடைத்துவிட்டு, "வேதத்துல உள்ளவன் மாதிரி தாலந்தைக் குழி தோண்டிப் பொதைக்கலல்ல நீ? போ, உள்ளதைச் சொல்லு" என்றாள். பண்டிகை நாளில் வெறுங்கையோடு வரிசையில் நின்றேன். டீச்சர் கேட்டார், சொன்னேன். கணக்கு நோட்டில் என் பெயருக்கு நேரே "பருந்து" என்று எழுதி, மற்றவர்களிடம் வாங்கினது போலவே என்னிடமும் கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

அறுப்பின் பண்டிகை அன்றைக்குக் கோயிலுக்குள் நுழைந்தால் சந்தைக்குள் நுழைந்தது மாதிரி வாசம். தூணுக்குத் தூண் வாழைத்தார். முருங்கைக்கட்டு, பூசணி, சீனிக்கிழங்கு, முட்டைக் கூடை. காலைக் கட்டிப் போட்ட சேவல் ஜெபத்தின் நடுவே கூவும். ஆராதனை முடிந்ததும் ஏலம். "ஒரு தரம், ரெண்டு தரம்..." கண் தெரியாத ஒரு பாட்டியின் ஒற்றை முட்டையை பம்பாயில் இருந்து வந்திருந்த மாமா எடுத்து, திரும்பக் கோயிலுக்கே கொடுத்தார். அது மறுபடி ஏலத்துக்கு வந்தது. மறுபடி ஒருவர் எடுத்துக் கொடுத்தார். மூன்றாம் தரம் ஏலம் போனபோது பாட்டியின் கையைப் பிடித்து அந்த முட்டையைத் தொடவைத்தார்கள். எங்கள் சிவப்பு நூல் கொட்டானும் அங்கேதான் விலைபோகும். தாத்தா ஏலத்தைப் பார்க்க நிற்கமாட்டார். மரத்தடியில் போய் உட்கார்ந்திருப்பார்.

அன்றைக்கு அசனம், ஊருக்கே பொதுச்சோறு. முந்தின ராத்திரியே பெண்கள் காய் வெட்ட உட்கார்ந்துவிடுவார்கள், ஆண்கள் தேங்காய் துருவுவார்கள். கோயிலை ஒட்டின அறையில் உக்கிராணம். கல்யாண வீட்டு உக்கிராணம் உங்களுக்குத் தெரியாததா? சாவி ஒருவர் கையில். உள்ளே இருப்பது ஒன்றும் அவருடையது இல்லை. எங்கள் தெருப் பெரியவர் ஒருவர்தான் வருஷா வருஷம் உக்கிராணக்காரர். மூட்டை எண்ணி வாங்கி, படி அளந்து கொடுத்து, ரெண்டு நாள் அந்த அறையை விட்டு நகரமாட்டார். எல்லாரும் சாப்பிட்டு முடித்து, இலை எடுத்து, பாத்திரம் கழுவின பிறகு அடிச்சோறு அவருக்கு வரும். கதவைப் பூட்டுமுன் வாசலில் நின்று வேட்டியை ஒரு உதறு உதறுவார். மடிப்பில் ஒரு பருப்பு ஒட்டியிருந்தாலும் உள்ளேயே விழுந்துவிட வேண்டும். அந்த உதறலை நான் பார்த்துக்கொண்டே இருப்பேன்.

போன மாதம் ஊருக்குப் போயிருந்தேன். தாத்தாவின் நாற்பதில் ஒன்றும் நிற்கவில்லை. செங்கல் சூளைக்குப் போனது போக மிச்சமும் போய்விட்டது. விடிலி இருந்த இடத்தில் மனைக்கல் நட்டிருக்கிறது. மணி இப்போது சுவிட்ச் போட்டால் அடிக்கிறது. கயிறு தொங்கின ஓட்டையில் சிமென்ட் பூசிவிட்டார்கள். பெடல் ஆர்கன் அறை மூலையில் பழைய திரைச்சீலை போர்த்திக் கிடக்கிறது. துருத்தியை எலி கடித்திருக்கிறது. காணிக்கை வரத்தான் செய்கிறது, முன்னைவிட நிறையவே வருகிறது. அச்சடித்த கவரில் வருகிறது, போனில் வருகிறது. ஊரில் பிள்ளைகள் இல்லை. துபாயிலும் சென்னையிலும் இருக்கிறார்கள், என்னைப் போல. அசனத்துக்கு வெளியூரில் இருந்து சமையல்காரர்கள் வந்து, காய் வெட்டுகிற மெஷினையும் கொண்டுவருகிறார்களாம்.

ஆச்சி வீட்டைத் திறந்து ரெண்டு நாள் தங்கினேன். மாடத்தில் கலயம் இல்லை. கலயம் இருந்த இடத்தில் வட்டமாக ஒரு தடம் மட்டும், சுற்றிலும் கரி படிந்து, நடுவில் வெளுப்பாக. சனிக்கிழமை ராத்திரிக்கு எனக்கு மட்டும் கொஞ்சம் சோறு வைக்கலாம் என்று அரிசி எடுத்தேன். உலை கொதித்தது. கை தானாக நின்றது. ஒரு பிடி எடுத்துவிட்டேன். எங்கே போட என்று தெரியவில்லை. கடைசியில் ஒரு எவர்சில்வர் டம்ளரில் போட்டு அந்த வட்டத்தின் மேல் வைத்தேன்.

அதற்குப் பிறகு ரொம்ப நேரம் நடைக்கதவைச் சாத்தாமல் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். தெருவில் யாரும் வரவில்லை. திங்கட்கிழமை காலையில் வீட்டைப் பூட்டிக்கொண்டு பஸ் ஏறினபோது டம்ளர் மாடத்திலேயே இருந்தது.