கணக்கில் சேர்ந்த கடல்

வரவேற்பு மேஜையில் இருந்த இளைஞன் அம்மாவின் மணிக்கட்டில் நீல நிற பிளாஸ்டிக் பட்டை ஒன்றைச் சுற்றிப் பூட்டினான். பூட்டினால் பூட்டியதுதான், கத்தரிக்கோல் வைத்துத்தான் எடுக்க முடியும். அம்மா கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஆஸ்பத்திரியில அப்பாவுக்குக் கெட்டுனானே, அது மாதிரில்லா இருக்கு" என்றார். அடுத்த கேள்வி உடனே வந்தது: "எம்புட்டு ஆச்சுட்டி?"

நான் பதில் சொல்லவில்லை. சொல்லக்கூடாது என்று தம்பியின் உத்தரவு.

அம்மாவுக்கு எழுபது முடிந்ததற்கு துபாயில் இருக்கும் தம்பி அனுப்பிய பரிசு இது. தெற்கு கோவாவில், கடலை ஒட்டிய பெரிய ரிசார்ட் ஒன்றில் மூன்று இரவுகள். அம்மா, நான், பன்னிரண்டு வயது மகள் ஆகிய மூவருக்கும் தங்குமிடம், மூன்று வேளைச் சாப்பாடு, இடைவேளைப் பலகாரம், மது வகைகள், நீச்சல் குளம், மாலைக் கச்சேரி எல்லாவற்றுக்கும் அவனே முன்கூட்டிப் பணம் கட்டிவிட்டான். 'ஆல் இன்க்ளூசிவ்' என்பது இந்த ஏற்பாட்டின் பெயர். இருபது வருடமாக மொழிபெயர்த்துப் பிழைப்பவள் நான். விளம்பரங்களில் இந்தச் சொல் வரும்போதெல்லாம் 'அனைத்தும் உட்பட' என்று எழுதிவிட்டு நகர்ந்திருக்கிறேன். நீல நிறப் பட்டைக்கு அளவில்லாத மது உண்டு, மகளின் பச்சைக்கு இல்லை. எழுபது வயதில் என் தாயார் வேண்டிய மட்டும் விஸ்கி குடிக்கும் உரிமையைப் பெற்றார். அவர் கேட்டது சுடுதண்ணீர்.

ரிசார்ட்டின் பெயர் வேண்டாம். கோல்வாவிலிருந்து பெனோலிம், வார்கா, கேவலோசிம் என்று சால் நதியின் முகத்துவாரம் வரை நீளும் ஒரே மணல்வெளியில் இத்தகைய ரிசார்ட்டுகள் பல இருக்கின்றன. உள்ளே போய்விட்டால் ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் வித்தியாசம் தெரியாது. தென்னை மரங்கள், நடுவே வளைந்து வளைந்து போகும் குளம், போர்த்துக்கீசியப் பாணியில் மஞ்சள் சுவர், ஓடு வேய்ந்த கூரை. அறையிலிருந்து சாப்பாட்டுக் கூடத்துக்கு பேட்டரி வண்டி. பணப்பையை அலமாரியில் வைத்துப் பூட்டினால் ஊருக்குக் கிளம்பும் நாளில் எடுத்தால் போதும். அம்மாவுக்கு மட்டும் அது சரிப்படவில்லை. முந்தானை முடிச்சில் நூறு ரூபாய்த் தாள்கள் ஐந்து இருந்தன.

அம்மாவைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். 1982 ஜனவரியில் பம்பாய் ஜவுளி ஆலைகளில் தத்தா சாமந்த் தலைமையில் வேலைநிறுத்தம் தொடங்கியபோது ஏறக்குறைய இரண்டரை லட்சம் தொழிலாளர்கள் வெளியே வந்தார்கள். அவர்களில் அப்பாவும் ஒருவர். பெரும்பாலோரைப் போல அவரும் திரும்பிப் போகவில்லை. அடுத்த வருடம் தாராவியில் எங்கள் பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் அம்மா இட்லி அவிக்கத் தொடங்கினார். விடியற்காலையில் தாராவியிலிருந்து அலுமினிய அண்டாவில் இட்லியோடு நகரமெங்கும் புறப்படும் வியாபாரிகளை மும்பைவாசிகள் அறிவார்கள். அம்மா அவர்களுக்கு மொத்தமாகக் கொடுப்பார். ஒரு நாளைக்கு நானூறு இட்லி, ஒன்று இருபத்தைந்து பைசா. எண்ணிப் போடுவது என் வேலை. அம்மா இன்னமும் தாராவியில்தான் இருக்கிறார். செம்பூரில் எங்களோடு வந்து இருங்கள் என்றால் மாடிப்படி என்பார். லிப்ட் இருக்கிறது என்றால், மின்சாரம் போனால்?

இரண்டாம் நாள் காலை, சாப்பாட்டுக் கூடம். ஒரு பக்கம் ரொட்டி வகைகள், ஒரு பக்கம் முட்டை, ஒரு பக்கம் பழம், நடுவே தோசைக்கல். இட்லித் தட்டைக் கண்டதும் அம்மா நின்றுவிட்டார். ஒன்றைப் பிட்டு முகர்ந்து பார்த்தார். வார்ப்பவன் ஒடிசாவிலிருந்து வந்த பையன். அம்மாவின் தாராவி இந்தியும் அவனுடைய இந்தியும் நன்றாகவே பேசிக்கொண்டன. மாவை ஏ.சி. அறையில் வைத்தால் எப்படிப் பொங்கும், ராத்திரி அடுப்பங்கரையில் வை என்றார். மறுநாள் இட்லி கொஞ்சம் தேறியிருந்தது. கவுரவத்துக்காக அப்படிச் சொல்கிறேனோ என்னவோ. அன்று அம்மா சாப்பிட்டது இரண்டு இட்லி, ஒரு டம்ளர் காபி. பக்கத்து மேஜைக்காரர்கள் எழுந்து போன பிறகு பார்த்தால் தட்டில் ஆறு வகை உணவு, எல்லாவற்றிலும் ஒரு கடி. அள்ளிக்கொண்டு போவதைக் கண்ணால் தொடர்ந்தபடி, "இதையும் சேத்துத்தான் தம்பி கட்டியிருக்கானா?" என்று கேட்டார்.

கேள்வி சரியானதுதான். இந்தத் தொழிலின் சூத்திரமே அதில் இருக்கிறது. நிறையச் சாப்பிடுகிறவரின் செலவைக் குறைவாகச் சாப்பிடுகிறவர் ஏற்கிறார், குடிப்பவரின் செலவைக் குடிக்காதவர். மாட்டுங்காக்காரர்களுக்கு இது புதிதல்ல. ரயில் நிலையத்துக்கு எதிரே 1942 முதல் நடக்கும் ராம நாயக்கின் உடுப்பி போர்டிங்கில் அளவுச் சாப்பாடும் உண்டு, இலை போட்டு அளவில்லாச் சாப்பாடும் உண்டு. என் முதல் வேலை அந்தப் பக்கம்தான். தனியாக பம்பாய்க்கு வந்த குமாஸ்தாக்களின் தலைமுறை ஒன்று இத்தகைய மெஸ்களில் கூப்பன் வாங்கியே வளர்ந்தது. ஆனால் மெஸ்ஸில் விலை சுவரில் எழுதியிருக்கும். இங்கே விலை எங்குமே இல்லை.

முன்பணம் கட்டிவிட்டுக் கடற்கரையில் கவலையில்லாமல் இருப்பது என்ற யோசனை பணக்காரர்களுக்காகப் பிறந்ததல்ல என்பது ஒரு வேடிக்கை. 1936-ல் இங்கிலாந்தின் ஸ்கெக்னஸ் கடற்கரையில் பில்லி பட்லின் விடுமுறை முகாம் திறந்தது ஆலைத் தொழிலாளர் குடும்பங்களை நம்பித்தான். குடில், சாப்பாடு, கேளிக்கை எல்லாம் ஒரே கட்டணத்தில். இரண்டு வருடத்தில் அங்கே சம்பளத்துடன் விடுமுறைக்குச் சட்டமும் வந்தது. 1950-ல் பெல்ஜியத்துக்காரர் ஜெரார் ப்ளிட்ஸ் மயோர்க்கா தீவில் கூடாரங்கள் அடித்து 'கிளப் மெட்' தொடங்கினார். பணத்தைக் கண்ணில் காட்டக்கூடாது என்பது அதன் கொள்கை. மதுக்கடையில் காசுக்குப் பதில் பாசிமணி கொடுத்தார்கள். பிறகு ஜமைக்காவில் 1981-ல் 'சாண்டல்ஸ்' போன்றவை வந்து, இதை ஆடம்பரமாக்கி, மணிக்கட்டில் பட்டையும் கட்டி உலகெங்கும் அனுப்பின. எங்கள் அப்பாவின் ஆலையில் நெய்த துணி எந்தெந்தக் கடற்கரைக்குப் போயிற்றோ, அவர் சௌபாத்தியைத் தவிர எதற்கும் போனதில்லை.

ரகசியம் அன்று மதியமே உடைந்தது. மகள், ஆச்சி கேட்கிறாரே என்று இரக்கப்பட்டு, ஐம்பத்தெட்டாயிரம் என்று சொல்லிவிட்டாள். அம்மா சற்று நேரம் பேசவில்லை. விரல்களை மடக்கிக்கொண்டிருந்தார். பிறகு, "ஒரு வருஷம் ஏழு மாசம்" என்றார். எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. நாளைக்கு நானூறு இட்லி, நூறு ரூபாய். ஐம்பத்தெட்டாயிரத்துக்கு ஐந்நூற்று எண்பது நாள்.

அதன் பிறகு அம்மா மாறிவிட்டார். குளக்கரை நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்தார். மணிக்கு ஒரு எலுமிச்சை ஜூஸ். பலகார நேரத்தில் பஜ்ஜி, கேக் இரண்டும். வேண்டாத சோப்பையும் ஷாம்புவையும் பைக்குள் போட்டார். "குடுத்த காசு" என்றார். எம்.ஏ. தமிழ் படித்தவள் என்ற முறையில் ஒன்று சொல்லலாம். பழந்தமிழில் விருந்து என்றால் புதுமை, முன்பின் அறியாத புதியவர். விலை தெரியாத வரையில் அம்மா அப்படி வந்த விருந்தாளியாகக் கூச்சத்தோடு இருந்தார். தெரிந்ததும் வாடிக்கையாளராகிவிட்டார்.

ரிசார்ட்டுக்கும் கடலுக்கும் நடுவே சவுக்குத் தோப்பு, ஒரு வேலி, வேலியில் ஒரு கதவு, கதவில் ஒரு காவலாளி. வேலிக்கு அப்பால் இருப்பது யாருடைய இடம் என்பது கோவாவில் பழைய வழக்கு. அலை ஏற்றக் கோட்டிலிருந்து ஐந்நூறு மீட்டருக்குக் கடற்கரையைக் கட்டடம் இல்லாமல் காக்க வேண்டும் என்று இந்திரா காந்தி 1981 நவம்பரில் கரையோர மாநில முதல்வர்களுக்குக் கடிதம் எழுதினார். 1991 பிப்ரவரியில் கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கை வந்தது. 1987-ல் சார்ட்டர் விமானங்களில் வந்த வெளிநாட்டுப் பயணிகளின் பஸ் மீது சாணி எறிந்து எதிர்ப்புத் தெரிவித்தவர்களும் கோவாக்காரர்கள்தான். தோனா பாவுலாவை ஒட்டிய வாய்ங்கிணி கடற்கரைக்கு மக்கள் போகும் வழியை ஓட்டல் கட்டடம் மறைத்த வழக்கில், அந்தப் பகுதியை இடிக்க வேண்டும் என்று 2009 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாநில அரசு உடனே சட்டத்தைத் திருத்திக் கட்டடத்தைக் காப்பாற்றியது தனிக் கதை.

வேலிக்கு வெளியே வழக்கை விடச் சிறிய சங்கடம் ஒன்று உண்டு. கதவைத் தாண்டி இருபது அடியில் ஓர் அம்மாள் இளநீர் விற்கிறார். அவரிடம் யாரும் வாங்குவதில்லை. உள்ளே இளநீர் இலவசம், அதாவது கட்டியாகிவிட்டது. பட்டை கட்டிய கைகளுக்கு வெளியே எதையும் வாங்கத் தேவையில்லை. ரிசார்ட்டில் நூற்றுக்கணக்கான பேர் தங்கியிருக்கும்போதும் எதிரே உள்ள குடிசை ஓட்டலில் இரண்டு மேஜைகள் காலியாகவே கிடந்தன.

மூன்றாம் நாள் விடியற்காலையில் அம்மாவைக் காணோம். தேடிக்கொண்டு கடற்கரைக்குப் போனேன். அங்கே கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். கோவாவில் அதற்கு ராம்பன் என்று பெயர். ஊரே கூடி இழுக்கும் வலை. விசைப்படகுகள் கரையோரத்தை அரித்துவிடுகின்றன என்று எழுபதுகளில் ராம்பன்காரர்கள் மதானி சல்தானா தலைமையில் போராடியதன் பலன்தான் மாநிலத்தின் 1980-ம் வருடத்து மீன்பிடிச் சட்டம். போராட்டத்தில் வென்றாலும் இழுக்கும் கைகள் குறைந்துவிட்டன. அன்று இருபது பேர் கூட இல்லை. அம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கயிற்றின் கடைசியில் நின்றார். இழுத்தார் என்பதை விடக் கயிற்றைப் பிடித்திருந்தார் என்பதே சரி.

தாராவியும் ஒரு மீனவ ஊர்தான். 1909-ம் வருடத்து அரசாங்க கெசட்டியர் பம்பாயின் ஆறு பெரிய கோலிவாடாக்களில் ஒன்று என்று அதைக் குறிப்பிடுகிறது. கழிமுகம் தூர்ந்தது, மீன் போயிற்று, கோலிவாடா என்ற பெயர் மட்டும் இருக்கிறது. எங்கள் ஊர்க்காரர்கள் திருநெல்வேலியிலிருந்து வந்து குடியேறியது அந்தத் தூர்ந்த நிலத்தில்தான். அம்மாவின் அறையிலிருந்து கடல் ரொம்பத் தூரமில்லை. ஐம்பது வருடத்தில் நான்கைந்து முறை மாகிம் கரைக்குப் போயிருப்பார்.

வலையில் பெரும்பாலும் மத்தி, கொஞ்சம் அயிலை. அம்மா முந்தானையை அவிழ்த்து இருநூறு ரூபாய்க்கு அயிலை வாங்கிவிட்டார். வெளி உணவுக்கு அனுமதியில்லை என்று காவலாளி தடுத்தான். அவனைக் குற்றம் சொல்ல முடியாது, விதியை அவனா எழுதினான்? பச்சை மீனை வைத்து நாங்கள் என்ன செய்வது என்று நான் கேட்டதற்கும் அம்மாவிடம் பதிலில்லை. அப்போது எங்கள் அறையைச் சுத்தம் செய்யும் பெண் பின்வாசல் வழியாக வேலைக்கு வந்துகொண்டிருந்தார். பெல்காம் பக்கத்துக்காரர், கூலி வேலைக்கு வந்த குடும்பம். அம்மா பையை அப்படியே அவர் கையில் கொடுத்தார். அவர் அதை ஒரு பையனிடம் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார்.

மறுநாள் காலை கணக்கை முடித்தபோது ஒரு காகிதம் நீட்டினார்கள். கட்ட வேண்டிய தொகை: 0.00. அம்மா வாசித்துக் காட்டச் சொன்னார். கேட்டுவிட்டு, "விருந்தும் மருந்தும் மூணு நாள்" என்று கிளம்பினார். வெளிவாசலில் அந்தப் பெண் காத்திருந்தார். கையில் ஒரு எவர்சில்வர் டப்பா.

மட்காவிலிருந்து மாண்டவி எக்ஸ்பிரஸ். கொங்கண் ரயில் பாதை 1998-ல் முழுதும் திறந்த பிறகு எங்களுக்குக் கோவா ஒரு பகல் தூரம். ரத்னகிரி தாண்டி டப்பாவைத் திறந்தோம். முதல் நாள் வைத்த அயிலைக் குழம்பு, கோக்கம் போட்டது, கூடவே இரண்டு ஜோவார் ரொட்டி. பழைய மீன் குழம்பின் ருசியைத் தமிழர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மூன்று நாளில் அம்மா வயிறாரச் சாப்பிட்டது அப்போதுதான். டப்பாவை ரயில் குழாயிலேயே கழுவித் துடைத்துப் பையில் வைத்தார்.

தாராவியில் இறக்கிவிட்டபோது பக்கத்து வீட்டு அக்கா மணிக்கட்டைப் பார்த்துப் பதறிவிட்டார். "என்ன மதினி, எந்த ஆஸ்பத்திரி?"

"நாலு நாள் இருந்தேன். எல்லாம் சின்னவன் கட்டிட்டான்" என்றார் அம்மா.

டப்பா இப்போது அம்மாவின் அலமாரியில் இருக்கிறது. கோவா பக்கம் யாராவது போகிறார்களா என்று ஞாயிறுதோறும் கேட்கிறார். வெறும் டப்பாவைத் திருப்பிக் கொடுக்கக்கூடாதாம். இட்லிப் பொடி இடித்துப் போட்டு வைத்திருக்கிறார்.