தாத்தாவின் அடுப்பும் என் பன்னீர் சொம்பும்!

அக்காவுக்குத் தை மாதம் கல்யாணம். மண்டப வாசலில் வைக்கும் பன்னீர் சொம்பில் கடைப் பன்னீரை ஊற்றக் கூடாது என்று எனக்கு ஒரு பிடிவாதம். மலிவான பாட்டில்களில் பல, தண்ணீரில் எசென்ஸ் கலந்ததுதான். நாமே காய்ச்சினால் என்ன? நாள் முழுக்க ஸ்க்ரீனைப் பார்த்துக்கொண்டிருப்பவளுக்குக் கையால் எதையாவது செய்துவிடும் ஆசை அடிக்கடி வரும். இந்த முறை வந்தது பன்னீர் ஆசை.

ஞாயிறு விடியற்காலை கோயம்பேடு பூ மார்க்கெட்டுக்குப் போய் அரை கிலோ பன்னீர் ரோஜா வாங்கி வந்தேன். பெரிய குண்டானின் நடுவில் கழுவிய செங்கல் துண்டு, அதன்மேல் ஒரு சில்வர் கிண்ணம். சுற்றிலும் இதழ்கள், இரண்டு லிட்டர் தண்ணீர். மூடியைக் கவிழ்த்துப் போட்டு, அதன் குழியில் ஐஸ் கட்டிகள். மேலே போகும் நீராவி குளிர்ந்த மூடியில் பட்டு நீராகி, நடுவிலிருந்து கிண்ணத்துக்குள் சொட்டும். பள்ளியில் 'காய்ச்சி வடித்தல்' என்று படித்தோமே, அதேதான். ரோஜா மணத்துக்குக் காரணமான ஜெரானியால் தனியாகக் கொதிக்க ஏறக்குறைய 230 டிகிரி வேண்டும். ஆனால், நீராவியோடு சேர்ந்தால் 100 டிகிரியிலேயே கிளம்பி வந்துவிடும். படிக்கும்போது மேஜிக் மாதிரி இருந்தது.

அடுப்பில் வைத்தபோது அப்படி இல்லை. ஆர்வத்தில் தீயை முழுசாக ஏற்றிவிட்டேன். மூடியின் ஓரமெல்லாம் புசுபுசுவென ஆவி வெளியேறியது. பத்தே நிமிடத்தில் ஐஸ் காலி. இருபது நிமிடம் கழித்துத் திறந்தால் கிண்ணத்தில் நாலு ஸ்பூன் தண்ணீர். சமையலறை முழுக்க கீரை வேகும் வாசனை.

ஹாலில் டிவி பார்த்துக்கொண்டிருந்த ஆயா எழுந்து வந்தார். 78 வயது. குண்டானைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தார்.

"தீயைக் குறைடி. எரிச்சா வராது."

பழைய வேட்டியிலிருந்து நீளமாக ஒரு துண்டு கிழித்து, நனைத்து, மூடிக்கும் குண்டானுக்கும் நடுவே இறுக்கிச் சுற்றினார். ஆவி நின்றது. மூடிமேல் விரலை வைத்துப் பார்த்தார்.

"மேல தண்ணி சுட்டுப்போச்சு பாரு. மொண்டு ஊத்திட்டு வேற போடு. மொதல்ல சொட்டுறத தனியா எடுத்து வை. வாசம் அதுலதான் இருக்கும்."

"உனக்கு எப்படி ஆயா இதெல்லாம் தெரியும்?"

"உங்க தாத்தாவுக்கு நான்தானே தண்ணி மாத்துவேன்!"

எங்கள் வீட்டுக் கதைப்படி, தாத்தா கல்வராயன் மலையில் மூங்கில் வெட்டினார். நான் பிறப்பதற்கு முன்பே போய்விட்டவரைப் பற்றி எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். மூங்கிலுக்கும் தண்ணீர் மாற்றுவதற்கும் என்ன சம்பந்தம் என்று நான் யோசித்து முடிப்பதற்குள் ஆயா சொல்ல ஆரம்பித்துவிட்டார், அடுப்பிலிருந்து கண்ணை எடுக்காமலே.

அடியில் ஒரு பானை. அதில் வெல்லமும் வேலம்பட்டையும் போட்டுப் புளிக்கவிட்ட ஊறல். அதன்மேல் அடியில் ஓட்டை போட்ட பானை, உள்ளே ஒரு சட்டி. உச்சியில் பச்சைத் தண்ணீர் நிரப்பிய ஏனம். சந்துகளில் களிமண் பூச்சு. யோசித்துப் பாருங்கள், என் குண்டான், கிண்ணம், ஐஸ் மூடி அத்தனையும் அங்கேயும் இருந்திருக்கின்றன. பகலில் புகை தெரியும் என்பதால் ராத்திரிதான் வேலை. மேல் தண்ணீர் சுடச்சுட மொண்டு கொட்டிவிட்டு, ஓடையிலிருந்து இடுப்பில் குடம் சுமந்து வந்து ஊற்ற வேண்டும். அது ஆயாவின் வேலை. நாய் குரைத்தால் விளக்கை ஊதி அணைத்துவிட்டு ஓட வேண்டும்.

ஒரு தடவை ஓட முடியவில்லை. பானைகளைத் தடியால் உடைத்தார்கள். தாத்தா மலை ஏறித் தப்பிவிட்டார். "என்னை ரெண்டு நாள் ஸ்டேஷன்ல உக்கார வச்சாங்க. உங்க மாமன் கைக்குழந்தை, மடியில கிடந்தான்" என்றார் ஆயா.

கொஞ்சம் இலகுவாக்கலாமே என்று, "நியூசிலாந்துல 1996-லேர்ந்து சொந்த உபயோகத்துக்கு வீட்லயே சாராயம் காய்ச்சிக்கலாம் ஆயா, கேஸ் கிடையாது" என்றேன்.

"அப்போ அந்த ஊர்ல பொம்பளைங்க ராத்திரி தூங்குவாங்க" என்றார்.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயம் குடித்தவர்கள் அடுத்தடுத்து இறந்தபோது நான் டெஸ்க்கில் இருந்தேன். தலைப்பில் இருக்கும் எண்ணை மாற்றுவதுதான் என் வேலை. காலையில் போட்ட எண் மதியம் பழசாகிவிடும். கடைசியில் அது 60-ஐத் தாண்டியது. அந்த நாட்களில் ஒருநாள் ஆயா போன் செய்து, "எந்த ஊராம்?" என்று மட்டும் கேட்டார். சொன்னேன். "சரி" என்று வைத்துவிட்டார். சிக்னல் சரியில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

இப்போது, ஒன்றரை வருடம் கழித்து, அடுப்படியில் நின்றுகொண்டு ஆயா சொன்னார்: "உங்க தாத்தா காய்ச்சுனதக் குடிச்சு ஒருத்தரும் சாகல." சொன்னாரா, கேட்டாரா என்று தெரியவில்லை. செய்தி எழுதுகிறவளுக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்திருக்கலாம்.

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். வெல்லம் புளிக்கும்போது மெத்தனால் மிகக் குறைவாகத்தான் உண்டாகும். கருணாபுரத்தில் குடித்த சாராயத்தில் மெத்தனால் கலந்திருந்தது. அது தொழிற்சாலைகளுக்கானது. உடம்புக்குள் போய் ஃபார்மிக் அமிலமாக மாறி, கண் நரம்பைத் தாக்கும், உயிரையும் எடுக்கும். மெத்தனால் 64.7 டிகிரியிலும், போதை தரும் எத்தனால் 78.4 டிகிரியிலும் கொதிப்பதால், முதலில் சொட்டுவதைக் கொட்டிவிட்டால் விஷம் போய்விடும் என்று நம்புகிறவர்கள் உண்டு. கலவையில் இரண்டும் அப்படிச் சுத்தமாகப் பிரிந்து வராது. மூக்கால் முகர்ந்தும் நாக்கில் வைத்தும் கண்டுபிடிக்க முடியாது. தாத்தாவின் சட்டியில் அந்த விஷம் அந்த அளவுக்கு இருந்திருக்க வாய்ப்பில்லை என்று முடித்தேன்.

ஆயாவின் முகம் கொஞ்சம் தெளிந்தது.

"ஒருத்தர் செத்தாரே" என்று பின்னால் குரல். அம்மா எப்போது வந்து நின்றார் என்று தெரியவில்லை. "எங்கப்பா. காய்ச்சுனத அவரேதான் பாதி குடிச்சாரு. 46 வயசுல ஈரல் போயி செத்தாரு. கணக்குல அவரைச் சேர்க்க மாட்டீங்களா?"

ஆயா பதில் சொல்லவில்லை. அம்மா வெளியே போய்விட்டார். கிண்ணத்தில் சொட்டுகிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

அன்றைக்குக் கிடைத்தது 300 மில்லி இருக்கும். முதல் பாதி நிஜமாகவே ரோஜா. பிற்பாதியில் வெந்த வாடை, அதை வாழைமரத்துக்கு ஊற்றிவிட்டேன். ஆயா உள்ளங்கையில் இரண்டு சொட்டு விட்டு முகர்ந்து பார்த்து, முந்தானையில் துடைத்துக்கொண்டு டிவி முன்னால் போய் உட்கார்ந்தார். அந்த வாரம் முழுக்க வீட்டில் யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

சொம்பு நிறைய இன்னும் வேண்டுமே. அடுத்த ஞாயிறு மறுபடி பூ வாங்கி வந்தேன். இந்த முறை சின்னத் தீ, ஈரத்துணி எல்லாம் ஒழுங்காகச் செய்துவிட்டு, ஒரு ஆபீஸ் போன் வர பால்கனிக்குப் போய்விட்டேன். திரும்பி வந்தால் அடுப்பருகே அம்மா. உருகிய தண்ணீரைக் கரண்டியால் மொண்டு கொட்டிவிட்டு, ஒரு சொட்டும் சிந்தாமல் மூடியில் புது ஐஸ் கட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"உனக்கும் தெரியுமாம்மா?"

"ஒன்பது வயசுல ஓடையிலேர்ந்து யாரு தண்ணி தூக்குனதாம்?" என்றார் அம்மா. "ஃப்ரீசர்ல இன்னொரு தட்டு ஐஸ் இருக்கும், எடு."