முன்பனியும் ஒரு பூஞ்செடியும்

நாங்கள் இருவரும் கல்லூரியில் தமிழ் கற்பிப்பவர்கள். நிலமும் பொழுதும் முதற்பொருள் என்று ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதுகிறோம். அதன் பொருள் எங்களுக்கு விளங்கியதோ, கோவையில் எங்கள் மூன்றாம் மாடி வீட்டில், ஓர் ஆர்க்கிட் செடியால்.

ஃபெலனாப்சிஸ் என்பது அதன் பெயர். அந்துப்பூச்சியைப் போன்றது என்னும் பொருளில் கிரேக்கத்திலிருந்து இட்ட பெயர். பிலிப்பைன்ஸ், இந்தோனேசியக் காடுகளில் மரக்கிளையைப் பற்றி வளர்வது. மரத்தை உறிஞ்சாமல், மழையையும் காற்றின் ஈரத்தையும் கொண்டு வாழ்வது. இதை அறியாமல் முதலில் வாங்கிய செடியைச் செம்மண்ணில் நட்டு நாள்தோறும் நீர் வார்த்தோம். வேர் அழுகி மடிந்தது.

இரண்டாவது செடிக்கு எல்லாம் முறையாகச் செய்தோம். மரப்பட்டைத் துண்டும் கரியும் இட்ட துளைத்தொட்டி. கிழக்குச் சன்னலில் மெல்லிய திரைக்குப் பின்னே இடம். வேர் வெள்ளிநிறமாய் வெளுத்தால் மட்டும் நீர். குருத்தில் துளி தங்கினால் பஞ்சால் ஒற்றியெடுப்போம். இலைகள் செழித்தன. இரண்டு ஆண்டுகள் ஒரு மொட்டும் இல்லை.

இதற்கிடையில் அப்பா மறைந்தார். அம்மா ஊரைவிட்டு எங்களோடு வந்தார். அவருக்கும் எல்லாம் முறையாகவே செய்தோம். மாத்திரை வேளை தவறியதில்லை. இளைப்பு உண்டு என்பதால் பனி ஆகாதென்று சொல்லி, இரவில் பால்கனிக் கதவைப் பூட்டிவைத்தோம். அவர் மறுத்துப் பேசவில்லை. நாளடைவில் பேச்சே குறைந்துபோயிற்று.

மார்கழி பிறந்தது. ஒரு விடியலில் அந்தக் கதவு திறந்திருந்தது. அம்மா தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு பால்கனித் தரையில் கோலமிட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் செடி.

"ராத்திரியே எடுத்து வெளியே வெச்சுட்டேன். பூக்கிற செடிக்குப் பனி பட வேண்டாமா?"

கடிந்துகொண்டோம். மறுநாளும் அதுவே நடந்தது. சாவி இருக்குமிடம் அவருக்குத் தெரிந்திருந்தது.

தை இறுதியில் இலையிடுக்கில் ஒரு பச்சை முனை எட்டிப் பார்த்தது. வேர் என்று நினைத்தோம். அம்மா பூந்தண்டு என்றார். பங்குனியில் ஏழு வெண்பூக்கள்.

பிறகுதான் நூல்களைப் புரட்டினோம். இரவும் பகலும் 28 பாகைக்கு மேலேயே நீடித்தால் இச்செடி இலைவிடுவதோடு நின்றுவிடும். சில வாரங்கள் இரவு வெப்பம் 20 பாகையை ஒட்டித் தணிந்தால் பூந்தண்டு விடும். கோவையில் அந்தக் குளிர் மார்கழியிலும் தையிலும் கிடைக்கும். அடைத்த அறைக்குள் அது நுழையவில்லை. குறிஞ்சிக்குப் பெரும்பொழுது கூதிரும் முன்பனியும், சிறுபொழுது யாமம் என்று எத்தனை முறை பாடம் சொல்லியிருப்போம்! செடிக்கு நிலத்தை அமைத்துக் கொடுத்துவிட்டு, பொழுதை வெளியே நிறுத்திப் பூட்டியிருந்தோம். செடிக்கு மட்டுமா என்ற கேள்வியை எங்களுக்குள் நாங்கள் கேட்டுக்கொள்ளச் சில நாளாயிற்று.

இப்போது கதவைப் பூட்டுவதில்லை. கதவருகே ஆணியில் ஒரு கம்பளிச் சால்வை தொங்குகிறது. அம்மாவுக்கு இளைப்பு சில நாள் வரத்தான் செய்கிறது. மருந்து கைக்கெட்டும் இடத்தில் இருக்கிறது. மார்கழி வந்தால், விடியுமுன் கோலமாவு டப்பா திறக்கும் ஓசையில்தான் நாங்கள் கண்விழிக்கிறோம்.