அறிவர் கோயிலுக்கு ஒரு ஆர்மி ஜீப்

கதவு கிடையாது. சாவி கிடையாது. ஸ்டீயரிங் அமெரிக்க வழக்கப்படி இடது பக்கம். பெட்ரோல் டேங்க், டிரைவர் உட்காரும் சீட்டுக்கு நேர் கீழே. இப்படி ஒரு வண்டியில் 'திருச்சியிலிருந்து சித்தன்னவாசல் வரை போய் வரலாம், வர்றீங்களா?' என்று யாராவது கூப்பிட்டால், விவரமானவர்கள் முதலில் இன்ஷூரன்ஸ் பாலிசியைத் தேடுவார்கள். நான் தொப்பியைத் தேடினேன்.

நண்பருக்கு ரிட்டயர்மென்ட் நெருங்குகிறது. ஆறு நாள் ஆபீஸ் ஃபைல், ஏழாம் நாள் கிரீஸ். அவருடைய ஜீப் 1944-ஆம் வருஷத்து ஃபோர்டு ஜி.பி.டபிள்யூ. 'ஜி' என்றால் கவர்ன்மென்ட், 'பி' என்றால் 80 அங்குல வீல்பேஸ், 'டபிள்யூ' என்றால் வில்லிஸ் டிசைன். ராணுவம் கேட்ட எண்ணிக்கைக்கு வில்லிஸ் கம்பெனி மட்டும் போதாது என்று அதே ஜீப்பை ஃபோர்டையும் செய்யச் சொன்னார்கள். 1941-லிருந்து 1945 வரை இரண்டு கம்பெனிகளும் சேர்ந்து ஆறு லட்சத்துக்கு மேல் தயாரித்துத் தள்ளிவிட்டன. ஃபோர்டுக்கு ஒரு ரோஷம். தான் செய்த போல்ட்டு, பிராக்கெட்டு எல்லாவற்றிலும் குட்டியாக ஒரு 'எஃப்' எழுத்தைக் குத்தி அனுப்பியது. இன்றைக்கும் ஜீப் பைத்தியங்கள் பூதக்கண்ணாடியும் கையுமாக அந்த 'எஃப்'பைத்தான் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

யுத்தம் முடிந்ததும் மிச்சமான ஜீப்கள் டிஸ்போசல் ஏலத்துக்கு வந்தன. மணிலாவில் அவற்றை நீட்டி, கலர் கலராகப் பெயின்ட் அடித்து 'ஜீப்னி' என்று டவுன் பஸ்ஸே ஆக்கிவிட்டார்கள். நம் ஊரில் மஹிந்திரா கம்பெனி 1947-ல் பம்பாயில் வில்லிஸ் ஜீப்களைப் பூட்ட ஆரம்பித்தது. தாசில்தார் ஜீப், ஜப்தி ஜீப், சினிமாவில் க்ளைமாக்ஸ் முடிந்தபின் வரும் போலீஸ் ஜீப் எல்லாம் அந்த வம்சம்தான்.

நண்பர் வாங்கியபோது இது ஒரு மலைத் தோட்டத்துக் கொட்டகையில் நின்றிருந்ததாம். 'நின்றிருந்தது' என்பது மரியாதைக்கு. உள்ளே ஒரு கோழி அடைகாத்துக் கொண்டிருந்தது. தளத் தகடு துருவில் சல்லடை. ஒயரிங்கை எலிகள் முடித்திருந்தன. பார்த்த மெக்கானிக் எல்லாரும் ஒரே குரலில், "டீசல் இன்ஜினைத் தூக்கிப் போடுங்க ஸார், நிம்மதியா ஓட்டலாம்" என்றார்களாம். நியாயமான யோசனைதான். இந்தக் குடும்பத்து ஜீப்களில் பலவற்றின் வயிற்றில் இன்று டீசல் இன்ஜின்தான் துடிக்கிறது. நண்பர் சம்மதிக்கவில்லை. நான்கு சிலிண்டர், 2.2 லிட்டர், 60 குதிரை சக்தி பெட்ரோல் இன்ஜினை அக்கக்காகப் பிரித்துப் போட்டார். அதை மறுபடி சேர்க்க மூன்று வருஷம் ஆனது.

"பிரிக்கிறது ஒரு ஞாயித்துக்கிழமை வேலை ஸார். எது எங்கே இருந்ததுன்னு ஞாபகம் வெச்சுக்கிறதுதான் மூணு வருஷம்" என்றார்.

சென்னை போகும்போதெல்லாம் மற்றவர்கள் தி.நகர் போவார்கள், இவர் புதுப்பேட்டை போவார். வீட்டில் கேட்ட பட்டுப்புடவைக்குப் பதில் வீல் சிலிண்டரோடு திரும்பிய கதையை அவர் மனைவி எனக்குத் தனியாகச் சொன்னார்.

ஓட வைப்பதோடு தொல்லை தீர்ந்துவிடாது. இது 6 வோல்ட் வண்டி. பேட்டரிக்குக் கடை கடையாக அலைய வேண்டும். வாரம் ஒரு தடவையாவது ஸ்டார்ட் பண்ணாவிட்டால் கார்புரேட்டர் அடைத்துக்கொள்ளும். பங்க்கில் வரும் பெட்ரோலில் இப்போது 20 சதவிகிதம் வரை எத்தனால். 1944-ஆம் வருஷத்து ரப்பருக்கு அந்தப் பழக்கம் கிடையாது, பம்ப்பின் டயஃப்ரம் உப்பிப் போய்விடும். ஆகவே ரப்பர் சமாசாரம் அத்தனையும் மாற்றியாகிவிட்டது.

விராலிமலைக்கு முன்னால் பெட்ரோல் போட நிறுத்தினோம். பையன் ஹோஸைப் பிடித்துக்கொண்டு வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தான். "டேங்க் எங்கே ஸார்?" நண்பர் எழுந்து நின்று சீட்டைத் தூக்கிக் காட்டினார். பையன் டேங்க்கைப் பார்த்தான், நண்பரைப் பார்த்தான். "அண்ணே, நீங்க சிகரெட் பிடிப்பீங்களா?" என்று கவலையாகக் கேட்டான்.

இலுப்பூர், அன்னவாசல் வழியாகப் போனோம். இருபுறமும் பொட்டல், நடுநடுவே கண்மாய், யாரோ கொட்டிவிட்டுப் போன மாதிரி பாறைகள். மணிக்கு 45 கிலோமீட்டரில் காற்று நேராக முகத்தில் அறைந்தது. லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கும் என்று கேட்டேன். "சாமிக்குச் செலவு பண்ணா கணக்குப் பார்ப்பீங்களா?" என்றார்.

ஜீப்பின் நிறம் எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. பட்டாளத்து வண்டி என்றால் பச்சைதானே? இது மணல் நிறம். கேட்டதும் நண்பர் வண்டியை ஒரு புளியமர நிழலில் நிறுத்திவிட்டார். அத்தனை பெரிய மனக்குறை.

"1989 மத்திய மோட்டார் வாகன விதிகள், 121-ஆம் விதி. ஆலிவ் பச்சை பாதுகாப்புத் துறை வண்டிக்கு மட்டும்தான். தனியார் அடிக்கக் கூடாது. 2021-ல இன்னொரு விதி வந்துது. 50 வருஷம் தாண்டின வண்டியை 'விண்டேஜ்'னு பதிவு பண்ணலாம், ஆனா பாடி, சேஸிஸ், இன்ஜின் எதையும் பெரிசா மாத்தாம அசல் உருவத்துல வெச்சிருக்கணும். ஒரு விதி அசலா இருங்கிறது. இன்னொண்ணு அசல் கலரைத் தொடாதேங்கிறது!"

"அமெரிக்காக்காரன் அடிச்சது ஆலிவ் ட்ராப்தானே, ஆலிவ் பச்சை இல்லையே?" என்றேன்.

"அதை நடு ரோட்டுல டிராஃபிக் போலீஸ்கிட்ட நீங்க விளக்குங்க, நான் ஓரமா நிக்கிறேன்."

வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் பிரிட்டிஷ் படை ஓட்டிய ஜீப்கள் மணல் நிறத்தில் இருந்தன. அந்த நியாயத்தில் இதற்கும் மணல் நிறம். டாஷ்போர்டுக்கு உள்பக்கம் மட்டும் உள்ளங்கை அகலத்துக்குப் பழைய பச்சையைச் சுரண்டாமல் விட்டு வைத்திருக்கிறார்.

சித்தன்னவாசலில் வண்டியை நிறுத்தியதும் கூட்டம் கூடிவிட்டது. ஒரு பெரியவர், "எந்தக் கட்சி?" என்று விசாரித்தார். நண்பர் சைக்கிள் சங்கிலியை ஸ்டீயரிங்கில் சுற்றிப் பூட்டினார். சாவி இல்லாத வண்டிக்கு அதுதான் லாக்.

குகைக்குள் நுழைந்ததும் மேலே பார்க்க வேண்டும். விதானத்தில் ஒரு தாமரைக் குளம். மீன், பறவை, யானை, எருமை, பூப்பறிக்கும் ஆட்கள். சுண்ணாம்பு வெள்ளை, கரிக் கறுப்பு, காவிச் சிவப்பு, மஞ்சள் மண், பச்சை மண் என்று கிடைத்ததைக் குழைத்துத் தீட்டியது. நிறைய உதிர்ந்துவிட்டது. சில இலைகளுக்குப் பாதிதான் மிச்சம். ஆனால் உதிர்ந்த இடத்தில் யாரும் புதுத் தாமரை வரையவில்லை. தொல்லியல் துறைக்காரர்கள் இருப்பதைக் காப்பாற்றுவார்கள், இல்லாததை இட்டு நிரப்ப மாட்டார்கள். கும்பாபிஷேகம் என்றால் கோபுரத்துப் பொம்மைகளுக்கு எனாமல் அடித்துப் பழகிய கண்ணுக்கு இது கொஞ்சம் ஏழைத்தனமாகக்கூடத் தெரியும்.

நண்பர் விதானத்தை விட்டுவிட்டு வெளியே இருக்கும் தூண்களைத் தடவிக்கொண்டிருந்தார். முன்மண்டபத்துத் தூண்கள் இந்த இடத்துச் சொத்தே இல்லை. புதுக்கோட்டை சமஸ்தான காலத்தில், குடுமியான்மலையில் இடிந்து கிடந்த மண்டபத்திலிருந்து கொண்டுவந்து நிறுத்தியவை. சொன்னதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. "வேற வண்டியிலேர்ந்து கழட்டிப் பூட்டியிருக்காங்க! நானும் கியர் பாக்ஸை அப்படித்தான் பிடிச்சேன்."

பக்கத்துப் பாறையில் கல்வெட்டு. 9-ஆம் நூற்றாண்டு, பாண்டியன் ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபன் காலம். மதுரை ஆசிரியர் இளங்கௌதமன் என்ற சமணர் இந்த அறிவர் கோயிலைப் புதுப்பித்து, முன்னால் ஒரு மண்டபமும் கட்டினார் என்கிறது. அப்போதே இது பழைய கோயில்! அவர் கட்டிய மண்டபம் நிற்கவில்லை. என்ன செய்தார் என்று எழுதி வைத்தது மட்டும் நிற்கிறது.

நண்பர் ஜோல்னாப் பையிலிருந்து நீள நோட்டு ஒன்றை எடுத்தார். ஜீப்பில் மாற்றிய ஒவ்வொரு சாமானும், தேதியோடு, எங்கே கிடைத்தது என்பதோடு, அதில் இருக்கிறது. வெட்டியெடுத்த தகடு, உடைந்த 'எஃப்' போல்ட் எல்லாம் வீட்டில் ஒரு சாக்கு மூட்டையில் இருக்கின்றனவாம்.

"எதுக்கு ஸார் இவ்வளவு?"

"பையன் வெளிநாட்டுல. அவனுக்கு இதுல ஆசை இல்லை. எனக்கப்புறம் யார் கைக்குப் போகுதோ தெரியாது. எது 1944, எது என் கைவரிசைன்னு வாங்கறவனுக்குத் தெரியணும் இல்லையா? எல்லாமே அசல்னு அவனை நம்ப வெச்சா, அது அவனுக்கும் துரோகம், வண்டிக்கும் துரோகம்."

நான் மறுபடி ஒரு தடவை உள்ளே போய் விதானத்தைப் பார்த்தேன். குளத்தை வரைந்தவன் பெயர் யாருக்கும் தெரியாது. ரிப்பேர் பார்த்தவர் பெயர் ஆயிரம் வருஷத்துக்கு மேலாகப் பாறையில் இருக்கிறது. வெளியே வந்து இதைச் சொன்னபோது நண்பர் பானட்டைத் திறந்து ஃபேன் பெல்ட்டை விரலால் அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த நோட்டைக் கொஞ்சம் எடுங்க" என்றார். "பெல்ட் தளர்ந்திருக்கு. இன்னிக்குத் தேதி என்ன?"