ஐந்தடி தூரம்

எங்கள் வீட்டில் புது கார் பேச்சு ஆரம்பித்ததே அத்தையின் முழங்காலால்தான்.

என் மாமியாருக்கு 82 வயது. எங்களிடம் இருந்தது பதினோரு வருடப் பழைய செடான் கார். அதில் அவர் ஏற வேண்டுமென்றால் முதலில் திரும்பி நிற்க வேண்டும். பிறகு பின்பக்கமாகச் சரிந்து, "முருகா" என்று ஒரு குரல் கொடுத்து சீட்டில் விழ வேண்டும். இறங்கும்போது நான் ஒரு கை, என் கணவர் ஒரு கை. கடைசி இரண்டு வருடங்களாகக் கோயில், கல்யாணம், எதற்குக் கூப்பிட்டாலும் ஒரே பதில்தான். "நீங்க போயிட்டு வாங்க கண்ணு, நான் வீட்டைப் பாத்துக்கறேன்."

அடுத்த வருடம் என் கணவருக்கு அறுபது நிறைகிறது. திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம் செய்வதாக முடிவு. அம்மா வராமல் அங்கே போய் மாலை மாற்றிக்கொள்ள அவருக்கு மனசில்லை. "கொஞ்சம் உயரமான வண்டியா எடுத்துட்டா அம்மா சிரமமில்லாம ஏறிக்குவாங்க" என்றார்.

அம்மாவின் முழங்கால் ஒரு காரணம். முப்பது வருடமாகக் கோயம்புத்தூரில் பம்ப் உதிரி பாகப் பட்டறை நடத்தி, லேத்துக்குப் பக்கத்திலேயே நின்று காலம் ஓட்டிய மனுஷனுக்கு, வாழ்க்கையில் ஒருமுறை நல்ல வண்டி ஓட்டிப் பார்க்கும் ஆசை இன்னொரு காரணம். அதை அவர் வாய் திறந்து சொல்லவில்லை. எனக்குத் தெரியாதா?

பெங்களூரில் இருக்கும் மகன் விஷயத்தைக் கேட்டதும் துள்ளிக் குதித்தான். தினமும் வாட்ஸ்அப்பில் நான்கு வீடியோ அனுப்புவான். அப்படித்தான் நானும் இந்த சொகுசு எஸ்யூவி உலகத்துக்குள் நுழைந்தேன்.

முதலில் கற்றுக்கொண்டது 'புது மாடல்' என்ற வார்த்தைக்கு இரண்டு அர்த்தம் என்பதை. ஒன்று, வண்டியை அடித்தளத்திலிருந்து மாற்றிச் செய்வது. மெர்சிடிஸ் ஜி.எல்.சி 2023-ல் இந்தியாவுக்கு வந்தது அப்படி. பி.எம்.டபிள்யூ எக்ஸ்3 2025 ஜனவரியில் வந்ததும் அப்படித்தான். இன்னொன்று 'ஃபேஸ்லிஃப்ட்'. அடித்தளம் அதேதான், முகப்பும் விளக்கும் திரையும் மட்டும் புதுசு. வால்வோ எக்ஸ்.சி.60 2017-ல் வந்த தலைமுறை. 2025-ல் அதற்குப் பெரிய திரையும் புது முகப்பும் கொடுத்தார்கள். இரண்டுமே நல்ல வண்டியாக இருக்கலாம். ஆனால், எதற்குக் காசு கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுக்க வேண்டும் இல்லையா? முழு மாற்றம் வரப்போகிற சமயத்தில் பழைய மாடலுக்கு நல்ல தள்ளுபடி கிடைக்கும். அதை வாங்கினால், விற்கும்போது அதே தள்ளுபடி நம் தலையிலும் விழும்.

அடுத்தது வரி. 2025 செப்டம்பர் 22 முதல் பெரிய எஸ்யூவிகளுக்கு ஜி.எஸ்.டி 40 சதவிகிதம். அதற்கு முன்பு செஸ்ஸும் சேர்த்து 50 சதவிகிதம் வரை போனது. "பத்து சதவிகிதம் கொறைஞ்சிருச்சும்மா" என்று மகன் சந்தோஷப்பட்டான். நான் ரோடு டாக்ஸைக் கேட்டேன். தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேல் விலையுள்ள காருக்கு 20 சதவிகிதம். ஐம்பது லட்சம் ரூபாய் வண்டி என்றால் ரோடு டாக்ஸ் மட்டுமே பத்து லட்சம். அந்தப் பத்து லட்சத்தில் ஒரு நல்ல சின்ன காரே வாங்கலாம். இன்ஷூரன்ஸ் தனி. அன்றைக்கு ராத்திரி நானும் அவரும் பேசிக்கொள்ளவே இல்லை. மறுநாள் காலையில், "பட்டறை எடத்துக் கடன் முடிஞ்சிருச்சில்ல... அந்தத் தவணையை இதுக்குக் கட்டிக்கலாம்" என்றார். சரி என்று தலையாட்டினேன்.

ஷோரூம் ஷோரூமாக அத்தையையும் கூட்டிப்போனோம். அவர் வண்டியின் பெயரையோ விலையையோ கேட்கவில்லை. கதவைத் திறக்கச் சொல்லி, சீட்டில் உட்கார்ந்து பார்ப்பார்; அவ்வளவுதான். பெரிய எஸ்யூவி ஒன்றைப் பார்த்து, "இதுல ஏற ஏணி வேணும்" என்று திரும்பிவிட்டார். நடுத்தர உயரத்தில் இருந்த ஒன்றில், நின்றபடியே பின்னால் சாய்ந்தார். சீட் சரியாக வந்து தாங்கியது. "நாற்காலி மாதிரி இருக்குது" என்றார்.

அந்த 'நாற்காலி உயரம்' தற்செயலாக வந்ததில்லை. பழைய எஸ்யூவிகள் லாரி போலத் தனிச் சட்டத்தின் மேல் உடலை ஏற்றிச் செய்யப்பட்டவை. காரின் அமைப்பிலேயே எஸ்யூவி உருவத்தைக் கொண்டுவந்தால் அது கிராஸ்ஓவர். சொகுசு வண்டிகளில் அந்தப் பாதையை முதலில் போட்டவற்றுள் ஒன்று, 1998-ல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த லெக்சஸ் ஆர்.எக்ஸ் 300. காரைவிட உயரம், லாரியைவிடத் தாழ்வு. முழங்கால் வலிக்காரர்களுக்கு வரப்பிரசாதம்.

ஆனால் என் கணவருக்குப் பிடித்தது அந்த ஏணி வண்டி. முன்பக்கம் சுவர் போல நிமிர்ந்து, பானட் அகலமாக, பார்த்தாலே ஒரு மரியாதை வரும். "ஏறுறதுக்குப் படி வெச்சுக்கலாங்க, அம்மாவுக்குப் பழகிரும்" என்று என்னிடம் சொல்லிப் பார்த்தார். டெஸ்ட் டிரைவுக்கு வண்டியை வீட்டுக்கே கொண்டுவரச் சொன்னார். கம்பெனி பெயர் வேண்டாம். நடந்ததில் வண்டி மேல் குற்றம் எதுவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை. மகளும் பேத்தியும் வந்திருந்தார்கள். பாப்பாவுக்கு மூன்று வயது. ஷோரூம் தம்பி வண்டியை உள்ளே கொண்டுவந்து, கேட்டைப் பார்க்கத் திருப்பி நிறுத்தியிருந்தார். எங்கள் கேட் குறுகல். உள்ளே வந்ததிலிருந்து இரண்டு பக்கத் தூணையும் சுவரையும் பார்த்து சென்சார் 'பீப் பீப்' என்று கத்திக்கொண்டே இருந்தது. என் கணவர் டிரைவர் சீட்டில் உட்கார, அந்தத் தம்பி பக்கத்தில் உட்கார்ந்து, செல்போனை எப்படித் திரையில் இணைப்பது என்று காட்டிக்கொண்டிருந்தார். நான் கேட்டைத் திறக்கப் போனேன். என் முதுகு வண்டிப் பக்கம்.

"டேய்! நிறுத்துடா!"

அத்தையின் குரல். அப்படி ஒரு குரல் அவரிடம் இருக்கும் என்று முப்பத்திரண்டு வருடத்தில் எனக்குத் தெரியாது. திரும்பிப் பார்த்தேன். வராந்தா நாற்காலியிலிருந்து, யார் கையும் பிடிக்காமல் எழுந்து நிற்கிறார். வண்டிக்கு முன்னால், காலையில் மிச்சம் வைத்த கோலமாவுக் கிண்ணத்தை வைத்துக்கொண்டு, பாப்பா குத்துக்காலிட்டு உட்கார்ந்து தரையில் கோடு போட்டுக்கொண்டிருக்கிறாள்.

ஆட்டோமேட்டிக் வண்டி. கியரை மாற்றி பிரேக்கிலிருந்து காலைத் தளர்த்தினாலே தானாக நகரும். ஒரு சாண் நகர்ந்திருந்தது. வண்டிக்கும் பாப்பாவுக்கும் நடுவில் இரண்டடி கூட இல்லை.

மகள் ஓடிவந்து குழந்தையைத் தூக்கினாள். பாப்பா, கிண்ணம் கவிழ்ந்துவிட்டது என்று அழுதாள். என் கணவர் வண்டியை அணைத்துவிட்டு இறங்கினார். கை நடுங்கியது. "எனக்குத் தெரியவே இல்லீங்க... தெரியவே இல்லை" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார். சென்சார் கத்தியதே என்றால், கத்தியது உண்மைதான். ஆனால் அது காலையிலிருந்து தூணுக்கும் கத்தியது, சுவருக்கும் கத்தியது. பாப்பாவுக்குக் கத்தியபோது யார் காதிலும் அது வேறாக விழவில்லை. முன்பக்கக் கேமராவும் இருந்தது. திரையில் அப்போது ஓடிக்கொண்டிருந்தது செல்போன் இணைப்பு.

காபி குடித்த பிறகு அவர் டேப்பை எடுத்துவந்தார். பட்டறைக்காரர், அவருக்குப் புரிய வேண்டுமென்றால் அளக்க வேண்டும். பாப்பா குத்துக்காலிட்டு உட்கார்ந்தால் வரும் உயரத்துக்கு, ஒரு குட்டி ஸ்டூலின் மேல் சொம்பைக் கவிழ்த்து வைத்தோம். அவர் டிரைவர் சீட்டில் உட்கார்ந்துகொண்டார். நான் ஸ்டூலைக் கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் தள்ளிக்கொண்டே போனேன். சொம்பின் தலை அவர் கண்ணுக்குத் தெரிந்தபோது, வண்டியின் மூக்கிலிருந்து ஐந்தடி. எங்கள் பழைய காரிலும் அதையே செய்தோம். இரண்டரை அடி. பழைய காரிலும் மறையத்தான் செய்கிறது; ஆனால் பாதி தூரம். ஷோரூம் தம்பி பொறுமையாக நின்று பார்த்தார். அவருக்கும் வீட்டில் சின்னக் குழந்தை இருக்கிறதாம். போகும்போது அந்த அளவைத் தன் செல்போனில் குறித்துக்கொண்டு போனார்.

அதற்குப் பிறகு மகன் வீடியோ அனுப்புவதை நிறுத்திவிட்டு, வேறு விஷயங்களை அனுப்ப ஆரம்பித்தான். அமெரிக்காவில் இன்ஷூரன்ஸ் நிறுவனங்கள் நடத்தும் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் ஒன்று உண்டு. பாதசாரிகள் மீது வண்டி மோதிய சுமார் 18,000 விபத்துகளை ஆராய்ந்து 2023-ல் ஓர் அறிக்கை வெளியிட்டது. பானட்டின் முன்விளிம்பு 40 அங்குலத்துக்கு மேல் இருக்கும் வண்டிகள், 30 அங்குலமோ அதற்குக் கீழோ இருந்து சரிவான முகப்பும் கொண்ட வண்டிகளைவிட, மோதப்பட்டவரின் உயிரைப் பறிக்கும் வாய்ப்பு சுமார் 45 சதவிகிதம் அதிகம் என்றது. 40 அங்குலம் என்றால் மூன்றே கால் அடிக்குக் கொஞ்சம் மேல். பெரியவர்களுக்கு இடுப்புக்கு மேல். பாப்பாவுக்குத் தலைக்கு மேல்.

திரை பற்றியும் படித்தேன். ஸ்வீடனில் ஒரு கார் பத்திரிகை 2022-ல் பதினோரு புது கார்களையும், பொத்தான்கள் நிறைந்த 2005-ம் வருட வால்வோ ஒன்றையும் 110 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டிப் பார்த்தது. ஏசி, ரேடியோ என்று நான்கு சில்லறை வேலைகள். பழைய வால்வோவில் பத்து விநாடியில் முடிந்தது. திரையை நம்பிய ஒரு புது காரில் 44 விநாடிக்கு மேல் ஆனது. அந்த வேகத்தில் அது ஒரு கிலோமீட்டரைத் தாண்டிய தூரம். ஐரோப்பாவின் வண்டிப் பாதுகாப்புச் சோதனை அமைப்பான யூரோ என்கேப் 2026 முதல், இண்டிகேட்டர், வைப்பர், ஹாரன் போன்றவற்றுக்குக் கையால் தொட்டுணரும் பொத்தானோ நெம்போ இருந்தால்தான் முழு மதிப்பெண் என்கிறது.

இரண்டு வாரம் கார் பேச்சே எடுக்காமல் இருந்த என் கணவரிடம் நானே ஆரம்பித்தேன். "அத்தை திருக்கடையூர் வரணுமா வேண்டாமாங்க?"

இந்த முறை ஷோரூமுக்கு டேப்பும் குட்டி ஸ்டூலும் கொண்டுபோனோம். முதல் கடையில் சிரித்தார்கள். இரண்டாவது கடையில் ஒரு பெண் ஊழியர் தானே வந்து ஸ்டூலை நகர்த்தினார். நாங்கள் பார்த்தவை ஐந்து விஷயங்கள்தான். அத்தை தானாக ஏறி இறங்க முடிகிறதா? ஸ்டூல் எத்தனை அடியில் தெரிகிறது? மெதுவாக நகரும்போது முன்பக்கக் கேமரா தானாகவே திரைக்கு வருகிறதா, நாம் தேடி அழுத்த வேண்டுமா? கண்ணாடி மூடுபனியைத் துடைக்கும் ஏசி பொத்தான் கைக்குத் தனியாக உண்டா? கண்ணாடிகளை மடக்காமல் எங்கள் கேட்டுக்குள் வண்டி நுழையுமா? இந்தக் கடைசிக் கேள்வி சாதாரணமில்லை. முழுதாக மாற்றி வடிவமைக்கும்போது பல வண்டிகள் வளர்ந்துவிடுகின்றன. புது ஜி.எல்.சி பழையதைவிட 6 சென்டிமீட்டர் நீளம். புது எக்ஸ்3 சுமார் 3 சென்டிமீட்டர் அகலம். நம் வீட்டு கேட் வளர்வதில்லை.

கடைசியில் எடுத்தது ஒரு தாழ்வான கிராஸ்ஓவர். பெயர் சொன்னால் விளம்பரமாகிவிடும். அவர் ஆசைப்பட்ட அந்த நிமிர்ந்த முகப்பு இதற்கு இல்லை. டெலிவரி எடுத்த அன்று சாலையில் அந்த ஏணி வண்டி ஒன்று எதிரே வந்தபோது, அவர் தலை திரும்பியதை நான் பார்த்தேன். எதுவும் கேட்கவில்லை.

இதிலும் குழந்தை மறைகிறது. மூன்றடி. எந்த வண்டி வாங்கினாலும் ஒரு மறைவு இருக்கத்தான் செய்யும் போலிருக்கிறது. பூஜை போட்ட அன்று, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து, தேங்காய் சுற்றிக்கொண்டு வண்டியை ஒரு வலம் வந்தோம். அப்போது அத்தை மகனைக் கூப்பிட்டு, "இன்னைக்கு மட்டும் இல்ல சாமி, தினமும் இப்படி ஒரு சுத்து சுத்திட்டு ஏறு" என்றார்.

அவர் சுற்றுகிறார். பட்டறைக்குப் போகும்போதும், மழை பெய்தாலும். பாப்பா வந்திருந்தால் வண்டி தெருவைத் தாண்டும்வரை அவள் இருக்க வேண்டிய இடம் கொள்ளுப்பாட்டி மடி.

திருக்கடையூருக்கு அடுத்த மாதம் போகிறோம். பின்சீட்டில் இடதுபக்க ஜன்னலோரம் தனக்கு என்று அத்தை இப்போதே சொல்லிவைத்துவிட்டார்.