மூன்று மாரத்தான் நீளமுள்ள ஆறு

தாமிரபரணியின் நீளம் ஏறத்தாழ 128 கிலோமீட்டர். மாரத்தான் ஓட்டம் 42.195 கிலோமீட்டர். பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலைச் சேரும் இந்த ஆறு கிட்டத்தட்ட மூன்று மாரத்தான் நீளம். பகலில் வேலைக்குப் போய், விடியும் முன் ஓடுகிற எனக்கு இந்தக் கணக்கு தெரிந்த நாளிலிருந்து இதன் கரையில் ஓடிப் பார்க்க ஒரே ஆசை. ஞாயிற்றுக்கிழமை நெடு ஓட்டங்களில், பல ஆண்டுகளாக, துண்டு துண்டாக இதன் கரையை ஓடிவருகிறேன். அதில் எனக்கு உறுதிப்பட்டது ஒன்றுதான்: மனிதர் நடக்க வழியில்லாமல் போன கரைக்குப் பக்கத்தில்தான் ஆறும் கெட்டுக் கிடக்கிறது.

மலைப் பகுதி ஓடுகிறவனுக்கு உரியதல்ல. காரையாறும் சேர்வலாறும் களக்காடு – முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் இருக்கின்றன. அங்கே புலிக்கும் யானைக்கும்தான் முதல் உரிமை. அந்த விதி சரியானது. ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து அய்யனார் கோயிலுக்கு வண்டியில் போய் வந்ததோடு சரி.

என் ஓட்டம் பாபநாசம் படித்துறையில் தொடங்குகிறது. பாவம் தீரக் குளிக்க வருகிறவர்கள் உடுத்திவந்த துணியை ஆற்றிலேயே விட்டுப் போகிறார்கள். நனைந்த வேட்டியும் சேலையும் பாறை இடுக்குகளில் சிக்கி, பாசி பிடித்து, மீன் வழியை அடைத்துக் கிடக்கின்றன. எந்தச் சாத்திரமும் கேட்காத காணிக்கை இது. தன்னார்வலர்கள் அவ்வப்போது இறங்கி அள்ளுகிறார்கள். அடுத்த அமாவாசைக்குள் பழையபடி ஆகிவிடுகிறது.

விக்கிரமசிங்கபுரம், அம்பாசமுத்திரம் வரை தார்ச்சாலைதான். கல்லிடைக்குறிச்சி அருகே கன்னடியன் அணைக்கட்டு வந்ததும் என் ஊர் மண் ஆரம்பம். எனக்கு ஊர் வீரவநல்லூர். கன்னட தேசத்திலிருந்து வந்த ஒருவர் தனக்குக் கிடைத்த பொன்னைக் கொண்டு இந்தக் கால்வாயை வெட்டினார் என்றும், ஒரு பசு நடந்த வழியே கால்வாயின் வழியானது என்றும் ஊரில் சொல்வார்கள். கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர், சேரன்மகாதேவி என்று ஊர் ஊராகத் தண்ணீர் கொடுத்துக்கொண்டே போகும் அந்தக் கால்வாயின் கரைதான் எனக்குப் பயிற்சிக் களம்.

நெடுந்தூர ஓட்டத்துக்கு உடம்பைப் பழக்குவதும் வயலில் பயிர் வைப்பதும் எங்கள் பக்கம் ஒரே பருவத்தில் நடக்கின்றன. ஆனியில் தண்ணீர் திறந்தால் கார் சாகுபடி. செங்கோட்டைக் கணவாய் வழியாகச் சாரலோடு மேல்காற்று வீசும். முதலில் மேற்கே காற்றை எதிர்த்து ஓடிவிட்டு, களைத்தபின் காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு கிழக்கே திரும்புவேன். புரட்டாசி, ஐப்பசியில் பிசானப் பருவ நெல்லுக்கு நாற்றங்கால் போடும்போது, ஜனவரியில் சென்னையில் நடக்கும் மாரத்தானுக்கான பயிற்சியும் தொடங்கிவிடும். நடவு முடிவதற்குள் வார இறுதி ஓட்டம் 20 கிலோமீட்டரைத் தாண்டும். மார்கழி பிறக்கும்போது 30, 32 என்று உச்சம் தொட்டு, கடைசி மூன்று வாரம் தூரத்தைக் குறைத்து உடம்புக்கு ஓய்வு தருவேன்.

புதிதாக ஓட வருகிறவர்கள் தினமும் வேகமாக ஓடினால்தான் பயிற்சி என்று நினைக்கிறார்கள். வாரத்தின் பெரும்பங்கு, பக்கத்தில் ஓடுகிறவரோடு பேச முடிகிற வேகத்தில்தான் போக வேண்டும். தசைகளைச் சுற்றி நுண்ணிய ரத்தக் குழாய்கள் பெருகுவதும், கொழுப்பை எரித்து ஓட உடம்பு பழகுவதும் அந்த மெதுவான ஓட்டத்தில்தான். தசையிலும் ஈரலிலும் சேமித்த மாவுச்சத்து பெரும்பாலானவர்களுக்கு 30 கிலோமீட்டர் வாக்கில் தீர ஆரம்பிக்கும். அப்போது கால் கனக்கும், மனம் சண்டை போடும். அதற்காக நான் இடுப்புப் பையில் உடன்குடிக் கருப்பட்டித் துண்டும் உப்புப் பொட்டலமும் வைத்துக்கொள்வேன். எங்கள் வெயிலில் வியர்வையோடு போகும் உப்பை ஈடுசெய்யாமல் வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே போவது ஆபத்து.

இத்தனைக்கும் இடம் கொடுத்தது கால்வாய்க் கரையின் மண். தார் போல முழங்காலைத் தாக்காது. ஒரு பக்கம் தண்ணீர், ஒரு பக்கம் வயல், தலைக்குமேல் மருத மரம். அந்தப் பாதை ஓடுகிறவர்களுக்காகப் போட்டதல்ல. பொதுப்பணித்துறை லஸ்கர் நடக்கப் போட்டது. நான் சின்னப் பையனாக இருந்தபோது லஸ்கர் கையில் கம்போடு தினமும் கரையில் போவார். எங்கே நண்டு வளை வைத்திருக்கிறது, எந்த மடையில் கசிகிறது, யார் ஷட்டரைத் திருட்டுத்தனமாகத் தூக்கியிருக்கிறார்கள் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். இப்போது அவரைப் பார்ப்பது அரிது. அவர் வராத இடங்களில் சீமைக்கருவேலம் பாதையை மூடிவிட்டது. முள் மூடியதும் அதன் மறைவில் கோழிக் கழிவும் கட்டட இடிபாடும் கொட்டுகிறார்கள்.

வீரவநல்லூருக்கு வடக்கே, கடனாநதி தாமிரபரணியோடு சேரும் இடத்தில் திருப்புடைமருதூர். என் ஆச்சி ஊர் அங்குள்ள நாறும்பூநாதர் கோயிலுக்கு அக்கரையில். தைப்பூசத்துக்கு முதல் நாளே ஆச்சி வீட்டுக்குப் போய்விடுவோம். விடிந்ததும் குடும்பமே ஆற்றைக் கால்நடையாகக் கடக்கும். தை மாதத் தண்ணீர் கூழாங்கல் தெரியும் தெளிவோடு, எலும்பு வரை குளிரும். ஆச்சி புளிச்சோற்றுப் பானையைத் தலையில் வைத்துக்கொண்டு முன்னால் போவாள். பெரியவர்களுக்கு இடுப்பளவு ஆழம், எனக்கு நெஞ்சளவு. தாத்தா என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏலே, தண்ணியப் பாக்காதல, தல சுத்தும். அக்கரை மருதத்தப் பாரு. காலத் தூக்காத, தேச்சு வை" என்பார். கொஞ்சம் மேலாற்றுப் பக்கமாகச் சாய்ந்து, பெருவிரலால் கல்லைத் தடவி, சிறு சிறு அடியாகப் போவோம். அக்கரை ஏறினால் மரத்துக்கு மரம் அடுப்புப் புகை, சொதி மணம், ராட்டினம், கரும்பு. சாமி தீர்த்தவாரிக்கு வரும்போது படித்துறையில் கால் வைக்க இடம் இருக்காது. கோயிலுக்குப் போக முடியாமல் வெள்ளத்தின் மறுகரையில் நின்று கூப்பிட்ட கருவூர்ச் சித்தரின் குரலைக் கேட்க நாறும்பூநாதர் தலை சாய்த்தார் என்பது தலபுராணம். லிங்கம் இன்றும் சாய்ந்தே இருக்கிறது. எங்களுக்கு அது புராணமாகத் தோன்றியதே இல்லை. ஆறு கடந்து வந்த ஒவ்வொருவரையும் சாமி காது கொடுத்துக் கேட்கும் என்று நம்பினோம். பசி அடங்கியபின் மணலில் படுத்துக்கொண்டு, மருத மரங்களில் வந்தடையும் கொக்கையும் நாரையையும் பார்த்துக்கொண்டிருப்போம். சூரியன் சாய்வதற்குள் மறுபடி ஆற்றில் இறங்கித் திரும்ப வேண்டும்.

ஓட்டத்தின் கடைசிப் பத்து கிலோமீட்டரில் நான் செய்வது தாத்தா சொன்னதைத்தான்: காலடியைப் பார்க்காமல் தூரத்து மரத்தைப் பார்ப்பது, அடியைச் சுருக்குவது. மருத மரங்களில் அடையும் அந்தப் பறவைகளுக்காக 2005இல் திருப்புடைமருதூர் நாட்டின் முதல் பாதுகாப்புக் காப்பகமாக (conservation reserve) அறிவிக்கப்பட்டது. அங்கே ஊர்க்காரர்களே காவல். ஊரின் கண் பட்டுக்கொண்டிருப்பதால் மரமும் நிற்கிறது, பறவையும் வருகிறது. என் கட்சிக்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம்.

சேரன்மகாதேவி தாண்டினால் ஆற்றின் மேல் அமலைச்செடி படர ஆரம்பிக்கிறது. பத்தமடைப் பாய்க்குக் கோரை தந்த ஆறு இது. சாக்கடைச் சத்தை உண்டு அமலை கொழுக்கும். தண்ணீர் மூச்சு முட்டும்.

திருநெல்வேலியில் ஓட்டம் குறுக்குத்துறையில் நின்றுவிடுகிறது. வெள்ளம் வந்தால் மூழ்கி, வடிந்ததும் எழுந்து நிற்கும்படி ஆற்றுக்குள்ளேயே கட்டிய முருகன் கோயில் இருக்கிற ஊரில், கழிவுநீர் நேராக ஆற்றில் விழுகிறது. 1843இல் கட்டிய சுலோசன முதலியார் பாலத்தில் நின்று பார்த்தால் தெரியும். அந்தப் பாலத்துக்கு அருகேதான், 1999 ஜூலை 23 அன்று, மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் ஊர்வலத்தைக் காவல்துறை தடியால் அடித்து ஆற்றுக்குள் விரட்டியதில் 17 பேர் இறந்தார்கள். அந்த இடத்தை ஓடிக் கடக்க எனக்கு மனம் வந்ததில்லை, நடந்தே கடப்பேன்.

சீவலப்பேரியில் சிற்றாறு சேர்கிறது. அதற்குக் கீழே மருதூர், ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டுகள். ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்த இரா. நல்லகண்ணு 2010இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் தானே வாதாடி, இந்த ஆற்றில் மணல் அள்ளத் தடை வாங்கினார். கரையை அறிந்தவர் ஒருவர் பேசினால் எதுவரை போகும் என்பதற்கு அது அடையாளம். 2023 டிசம்பர் 17, 18இல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியபோது ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் சுமார் 800 பயணிகள் தவித்தார்கள். ஏரல் கடைத்தெரு மூழ்கியது. பல குளங்கள் உடைந்தன. அத்தனை மழையைத் தாங்குவது கடினம்தான். ஆனால் குளக்கரை எங்கே மெலிந்திருக்கிறது என்று வெள்ளத்துக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். கரையில் தினமும் நடந்தால்தான் அது தெரியும்.

ஆதிச்சநல்லூர், கொற்கை, ஆத்தூர், முக்காணி என்று வாழைத் தோட்டங்களுக்கிடையே ஓடி முடித்தால் புன்னைக்காயல். அங்கே உப்புக்காற்றும் மீன்பிடிப் படகுகளும்தான்.

இந்த ஆற்றில் எட்டு அணைக்கட்டுகள். ஏழு மன்னர் காலத்தவை. ஸ்ரீவைகுண்டம் 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் ஆட்சியில் கட்டியது. எல்லாவற்றின் கால்வாய்களுக்கும் கரை உண்டு, கரைமேல் வழி உண்டு. அந்த வழியைத் திறந்து வையுங்கள் என்பதுதான் என் கோரிக்கை. லஸ்கர் பணியிடங்களை நிரப்புங்கள். சீமைக்கருவேலத்தை வேரோடு எடுத்துவிட்டு மருதம் வையுங்கள். கான்கிரீட் போட வேண்டாம், மண் பாதையே போதும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஓடட்டும், முதியவர்கள் நடக்கட்டும். இதற்குப் புதிதாக ஓர் அடி நிலம்கூட எடுக்க வேண்டியதில்லை. கரை ஏற்கெனவே பொதுச் சொத்து.