லயத்துத் தரை

மாணவரின் அப்பியாசக் கொப்பியைத் திருத்தும் ஆசிரியன் அதிலுள்ள எழுத்தை மட்டும் படிப்பதில்லை. இறம்பொடைப் பகுதித் தோட்டங்களிலிருந்து எங்கள் பாடசாலைக்கு வரும் பிள்ளைகளின் கொப்பிகளைப் பின்னட்டையைப் பார்த்தே இரண்டாகப் பிரித்துவிடலாம். ஒரு வகையில் அட்டை அட்டையாகவே இருக்கும். மற்றதில் செம்மண் கறை படிந்து, ஓரங்கள் ஈரத்தில் ஊறி உப்பியிருக்கும். மேசையில்லாத வீட்டிலே பிள்ளை குப்புறப் படுத்து எழுதுகிறது. அது படுத்திருக்கும் தரையின் வரலாறு கொப்பியின் முதுகிலே பதிந்துவிடுகிறது.

லயங்கள் எல்லாவற்றிலும் மண் தரையே உண்டென்று சொன்னால் அது பொய்யாகும். பல காம்பராக்களில் பழைய சீமெந்துத் தரை இருக்கிறது; வெடித்து, பெயர்ந்து, வெடிப்பின் வழியே ஈரத்தைக் கக்கிக்கொண்டிருக்கிறது. குடும்பம் பெருகியபோது பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை போதாமல் பின்புறத்திலும் இஸ்தோப்பிலும் இறக்கிய தாவாரங்களிலேதான் மண் தரை மிகுதி. பிள்ளைகளும் கிழவர்களும் படுப்பது பெரும்பாலும் அங்கேதான்.

மலைநாட்டின் குளிரை அறியாதவருக்கு இந்த ஈரத்தை விளக்குவது கடினம். மலைச்சரிவை வெட்டிச் சமன்செய்து கட்டியவை லயங்கள். ஆகவே பின்சுவருக்குப் பின்னால் மலை நிற்கிறது. மழைநீர் மண்ணுக்குள் இறங்கி, சுவருக்கடியால் ஊர்ந்து, விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோலத் தரைக்கு ஏறுகிறது. தேயிலைக்குள் மண் அரியாதிருக்கக் கான் வெட்டிய கைகள் எங்கள் மக்களுடையவை. நீரின் ஓட்டத்தைக் கண்ணாற் பார்த்தே சரிவை அளக்கும் அந்தக் கைகளுக்கு, தம் முதுகுக்குப் பின்னால் ஒரு கான் வெட்டிக்கொள்ள நாளும் கிடைத்ததில்லை, கூலியும் கிடைத்ததில்லை.

என் தாயார் வெள்ளிதோறும் சாணம் மெழுகினார். காலை முதல் மலையில் நின்று கொழுந்து பறித்து, நிறுத்துக் கொடுத்து வந்த பின்பு, கூடைக் கயிற்றின் தடம் நெற்றியில் மறையுமுன்னே குனிந்து மெழுகினார். சாணத்திலுள்ள நார் மண்ணைப் பிணைக்கிறது; தூசியை அடக்குகிறது; வெடிப்பைக் குறைக்கிறது. இது உண்மை. ஆனால் ஏறிவரும் ஈரத்தை அது தடுப்பதில்லை. அடுத்த வெள்ளி மீண்டும் குனிய வேண்டும். நகரத்து நண்பர்கள் சிலர் சாணத் தரையின் மகிமையைப் பேசக் கேட்டிருக்கிறேன். அவர்கள் வீட்டில் மாபிள் பதித்திருந்தது.

இன்று சாணத்தின் இடத்தை உரச் சாக்கும், கடைகளில் காப்பெட் என விற்கும் பிளாஸ்டிக் விரிப்பும் பிடித்துக்கொண்டன. மலிவு, பூப்போட்டது, துடைப்பது எளிது. எனினும் ஈர மண்ணின்மேல் அதை விரித்தால், மேலெழும் நீர் போக வழியின்றி அடியிலே தங்குகிறது. ஓர் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தால் கரிய பூஞ்சணம். ஏழைக்கென்று சந்தை தரும் மலிவுச் சரக்கில் பாதி இப்படித்தான்: நோயை மூடிவைக்கிறது.

சென்ற டிசம்பர் விடுமுறையில் உயர்தர மாணவர் சிலரும் நானுமாக ஒரு மூதாட்டியின் தாவாரத்துக்குத் தரை போட்டோம். செய்தது இதுதான். முதலில் பின்சுவருக்கு வெளியே கான் வெட்டினோம். இதைச் செய்யாமல் உள்ளே எதைச் செய்தாலும் வீண். பின்பு சுவரின் அத்திவாரத்தைத் தொடாமல் அரையடி ஆழம் மண்ணை எடுத்து, அடித்தளத்தை இடித்து இறுக்கி, உடைந்த கல்லை நாலங்குலம் பரப்பினோம். கல்லிடுக்கிலே நீர் திரியேறுவது அறுபடுகிறது. அதன்மேல் கல்தூள் தூவி, தடித்த பொலித்தீனைச் சுவரோரம் மடித்து உயர்த்தி விரித்தோம். மேற்தளத்துக்கு இரண்டங்குலக் கனத்தில் மண்சீமெந்து: பத்துப் பங்கு மண்ணும் ஒரு பங்கு சீமெந்தும்.

எந்த மண்ணும் உதவாது. வேரும் சருகும் கலந்த மேல்மண்ணை ஒதுக்கி, இரண்டடிக்குக் கீழே எடுக்க வேண்டும். ஒரு போத்தலில் மண்ணும் நீருமிட்டுக் குலுக்கி வைத்தால் மணல் முதலில் அடியில் தங்கும், களி கடைசியில் படியும். களி மிகுந்தால் கல்தூள் சேர்க்க வேண்டும். ஈரமும் அளவாக இருக்க வேண்டும். கையிற் பிடித்தால் உருண்டையாகி, கீழே போட்டால் உடைய வேண்டும். விஞ்ஞானப் பாடத்தில் தூங்கும் ஒரு பையன் அன்று போத்தலும் கையுமாக லயத்தைச் சுற்றி வந்தான்.

பத்துக்குப் பன்னிரண்டு அறைக்கு இந்தக் கனத்தில் மணலும் சீமெந்துமாக ஒன்றுக்கு நாலு சேர்த்துப் போட்டால் நாலு மூட்டைக்கு மேல் செல்லும். மண்சீமெந்துக்கு இரண்டரை மூட்டை, மேற்பூச்சுக்கு அரை மூட்டை. மணற்செலவின் பெரும்பகுதியும் மிச்சம். நீரில் நனைத்த சாக்கால் ஏழு நாள் மூடிவைக்க வேண்டும். அந்த ஏழு நாளும் குடும்பம் எங்கே படுப்பது? பாதி தரையை ஒரு வாரமும் மறுபாதியை மறுவாரமும் போட்டோம். அடுப்படியை மட்டும் மண்ணாகவே விடச் சொன்னார் மூதாட்டி. “வெறகு வெட்டுனா சீமெந்து பொளந்திரும் மாஸ்டர்” என்றார். அவர் சொன்னதே சரி.

இவ்வளவு எளிதென்றால் ஏன் எல்லோரும் செய்யவில்லை? 2021 இல் நாட்சம்பளம் ஆயிரம் ரூபாயாயிற்று; மறுவருட நெருக்கடியில் ஒரு மூட்டைச் சீமெந்து மூவாயிரத்தைத் தாண்டியது. ஒரு மூட்டைக்கு மூன்று நாள் உழைப்பு. ஆனால் விலை பாதிக் காரணமே. 1948 இல் குடியுரிமை பறிபோன மக்கள். 1964 ஒப்பந்தத்தின் பின் எந்த நாளில் தலைமன்னாரில் கப்பலேற நேருமோ என்றிருந்த மக்கள். அவர்கள் எந்த நம்பிக்கையில் தரைக்குச் செலவழிப்பார்கள்? 2003 ஆம் ஆண்டுச் சட்டம் நாடற்ற நிலையை நீக்கியது. காலடி நிலத்தை அது தரவில்லை. ஏழு பேர்ச்சஸ் காணியும் தனிவீடும் பெற்றோர் உண்டு. பெறாதோர் தொகை பெரிது. லயத்திலிருப்பவர் ஓர் ஆணி அடிக்கவும் தோட்ட நிருவாகத்தின் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கிறது. அந்தத் தாவார வேலைக்கும் “நிலையான கட்டடவேலை கூடாது” என்று சொல்லி அனுப்பினார்கள். இது வெறும் மண்தான் என்று மூதாட்டி பதில் சொல்லி அனுப்பினார். பத்துக்கு ஒன்று என்ற கணக்கை யாரும் கேட்கவில்லை.

மெக்சிக்கோவில் கோவாவீலா மாநில அரசு 2000 ஆம் ஆண்டில் மண் தரை வீடுகளுக்கு இலவசமாகச் சீமெந்துத் தரை இட்டுக் கொடுக்கத் தொடங்கியது. வீடொன்றுக்கு ஏறக்குறைய 150 டொலர் செலவு. அத்தகைய உதவி கிட்டாத அண்டை மாநில நகரத்தோடு ஒப்பிட்டு ஆய்வாளர் 2009 இல் வெளியிட்ட முடிவுகள்: தரை முழுதும் மாறிய வீடுகளில் பிள்ளைகளின் குடற்புழுத் தொற்று 78 வீதமும், வயிற்றோட்டம் 49 வீதமும், இரத்தச்சோகை 81 வீதமும் குறைந்தன. அறிவுத்திறன் சோதனைகளிலும் பிள்ளைகள் மேம்பட்டார்கள். தாய்மாரின் மனச்சோர்வும் குறைந்தது. நமது ஆசிரியர் கூட்டங்களில் தோட்டப் பிள்ளைகளுக்குப் “படிப்பு ஏறுவதில்லை” என்று பேசுவோர் இந்த எண்களைச் சற்று வாசிக்க வேண்டும்.

தொழிற்சங்கத் தலைவர் ஒருவர் எங்கள் வேலையைக் கண்டு மகிழவில்லை. “தம்பி, நாமளே தரைய போட்டுக்கிட்டா, கம்பனிக்காரன் அப்புறம் என்னத்தத்தான் செய்வான்? அவன் கடமைய நாமளே தள்ளுபடி பண்ணிக் குடுக்குறதா?” என்று கேட்டார். அலட்சியப்படுத்தத்தக்க கேள்வியல்ல இது. சிரமதானம் என்ற பெயரில் அரசும் முதலாளியும் தம் சுமையை உழைப்பவன் தோளுக்கே திருப்பிவிட்ட கதைகள் நிறைய. ஆயினும் உரிமை வரும்வரை பிள்ளை ஈரத்திலே படுக்கட்டும் என்று சொல்ல என்னால் இயலவில்லை. முடிவில், தரை போடும் ஒவ்வொரு அறையின் அளவும் செலவும் ஆள்நாளும் எழுதிச் சங்கத்தின் மூலம் நிருவாகத்திடம் கணக்காகக் கேட்பதென்று உடன்பட்டோம். முதற் கணக்குப் போயிருக்கிறது, பதில் வரவில்லை.

இவ்விடுமுறைக்கு இன்னொரு லயத்திலிருந்து அழைப்பு வந்திருக்கிறது. அங்கே கான் ஐந்து காம்பராக்களின் பின்னாலும் தொடர்ந்து போனால்தான் நீர் இறங்கும். நாலு வீட்டார் சம்மதித்துவிட்டார்கள். ஐந்தாம் வீட்டார் கான் போகும் இடத்தில் கோழிக்கூடு வைத்திருக்கிறார்கள். கூட்டை எங்கே மாற்றுவதென்று ஞாயிற்றுக்கிழமை பேசவிருக்கிறோம்.